கரீபியன் ஊர்களில் புதிய சொகுசுக் கப்பல் துறைமுகம் கட்டினால் உள்ளூர்க்காரர்களுக்கு என்ன கிடைக்கும்?

கேள்வி கேட்டவர் கேமன் தீவுகளை எடுத்துக்காட்டாகச் சொல்லியிருக்கிறார். 2025 ஏப்ரல் 30 அன்று, பொதுத்தேர்தலோடு சேர்த்து, சொகுசுக் கப்பல்கள் வந்து அணைய ஒரு துறை கட்டலாமா என்று அங்கே மக்களிடமே கேட்டார்கள். பெரும்பான்மையோர் வேண்டாம் என்று வாக்களித்துவிட்டார்கள். "வாசலுக்கு வந்த லட்சுமியை யாராவது திருப்பி அனுப்புவார்களா?" என்பது அவருடைய வியப்பு.

நான் பொருளாதாரம் படித்தவன் இல்லை. தூத்துக்குடிக்காரன். எட்டு ஆண்டுகள் சொகுசுக் கப்பல்களில் தளத்து மாலுமியாக இருந்தேன். கயிறு கட்டுவது, துருவைச் சுரண்டிப் பெயின்ட் அடிப்பது, பயணிகளைப் படகில் இறக்கி ஏற்றுவது, இவைதான் வேலை. அதில் பாதிக் காலம் ஃபுளோரிடாவிலிருந்து மேற்குக் கரீபியன் போய்வரும் ஏழு நாள் சுற்று. கேமனின் தலைநகரான ஜார்ஜ் டவுனும் ஜமைக்காவின் ஃபால்மத்தும் பெரும்பாலும் அடுத்தடுத்த நாள்களில் வரும். முதல் ஊரில் துறை கிடையாது, அடுத்ததில் உண்டு.

ஜார்ஜ் டவுன் துறைமுகம் இருக்கும் இடத்துக்குப் பன்றித் தொழுவ விரிகுடா என்று பெயர். சுற்றுலா விளம்பரத்தில் இதை யாரும் பெரிய எழுத்தில் போடமாட்டார்கள். கப்பல் கரைக்கு வராது. சற்றுத் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். கப்பலின் வயிற்றில், நீர்மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, ஒரு கதவைத் திறப்போம். உள்ளூர்க்காரர்களின் பெரிய படகுகள் வந்து அதில் ஒட்டி நிற்கும். கதவின் இருபக்கமும் இரண்டு மாலுமிகள். பயணியின் கையைப் பிடிக்கக் கூடாது, முழங்கைக்குக் கீழே பிடிக்க வேண்டும் என்பது நான் கற்ற முதல் பாடம். வெயிலுக்குப் பூசிய களிம்பில் கை வழுக்கிவிடும். அலை படகைத் தூக்கும், இறக்கும், மறுபடி தூக்கும். படகு தளத்தோடு சமமாகும் அந்த நொடியில் "இப்போது" என்று சொல்லி ஆளை அந்தப் பக்கம் தள்ளிவிட வேண்டும். எழுபது வயதுப் பாட்டி ஒருவர் அந்த இடைவெளியில் தெரிந்த நீரைப் பார்த்துவிட்டு, "எனக்குக் கரையே வேண்டாம்" என்று திரும்பிப் போனது நினைவிருக்கிறது. சக்கர நாற்காலியில் வருபவர்களுக்குக் கடல் கொஞ்சம் ஆடினாலும் அனுமதி இல்லை.

அங்கே ஆண்டில் பெரும்பகுதி கிழக்கிலிருந்து வரும் கொண்டல்தான் வீசும். ஊர் தீவின் மேற்குக் கரையில் இருப்பதால் தீவே காற்றுக்கு மறைப்பு. கடல் குளம் போலக் கிடக்கும். குளிர்காலத்தில் காற்று வடமேற்குக்குத் திரும்பிவிட்டால் (எங்கள் ஊர் வாடையையும் கச்சானையும் சேர்த்துக் கட்டிய மாதிரி) கதவைத் திறக்கவே முடியாது. அப்போது தென்கரையில் ஸ்பாட்ஸ் என்ற இடத்துக்குப் போவோம். அங்கேயும் அலை இருந்தால் கேப்டன் கப்பலைத் திருப்பிவிடுவார். அந்த நாள்களில் நான் கவனித்த ஒன்று உண்டு. கப்பலுக்குப் பெரிய நட்டமில்லை. ஊரில் நிற்கும்போது மூடிக் கிடக்கும் சூதாட்டக்கூடமும் கடைகளும் நடுக்கடலுக்குப் போனதும் திறந்துவிடும். நட்டமெல்லாம் கரையில் காத்திருந்த டாக்ஸிக்காரருக்கும், திருக்கை மீன் காட்டக் கூட்டிப்போகும் படகுக்காரருக்கும்தான்.

ஆகவே துறை வேண்டும் என்று கேட்டவர்களைப் பேராசைக்காரர்கள் என்று தள்ளிவிட மாட்டேன். ஐயாயிரம், ஆறாயிரம் பேர் ஏறும் ராட்சதக் கப்பல்கள் இப்படிப் படகில் ஆளிறக்கும் ஊர்களைத் தவிர்க்கின்றன. கப்பல்களோ ஆண்டுக்கு ஆண்டு பெருத்துக்கொண்டே போகின்றன. இன்றைக்கு வரும் கூட்டம் நாளைக்கு வேறு தீவுக்குப் போய்விடும் என்ற பயம் நியாயமானது.

வேண்டாம் என்றவர்களின் கதை கடலுக்கு அடியில் இருக்கிறது. அந்தத் துறைமுகத்தின் நீர் கண்ணாடி. மேல்தளத்தில் நின்று குனிந்தால் நங்கூரச் சங்கிலி போய்ப் படுக்கும் இடம்வரை தெரியும் நாள்கள் உண்டு. கரையிலிருந்து நீந்திப் போகும் தூரத்தில் பவளப்பாறை. மூழ்கிய பழைய கப்பல்களின் எலும்புக்கூடும் உண்டு. துறை கட்ட வேண்டுமானால் அடிமண்ணைத் தோண்டி எடுக்க வேண்டும். கிளம்பும் சேறு பாறைமேல் படியும். பவளம் மூச்சுத் திணறிச் சாகும். ஒரே ஒரு நங்கூரம் என்ன செய்யும் என்பதை அவர்கள் 2014-லேயே பார்த்துவிட்டார்கள். ஒரு பெரிய கப்பல் தவறான இடத்தில் நங்கூரம் இறக்கிப் பவளத்தை நொறுக்கியது. ஊர் முக்குளிப்போர் கூட்டமாக இறங்கி, உடைந்த துண்டுகளைப் பொறுக்கி, மாதக்கணக்கில் திரும்ப ஒட்டவைத்தார்கள். அப்படி ஒட்டியவரிடம் போய் வாக்குக் கேட்டால் என்ன சொல்வார்?

2019-ல் அரசு இரண்டு துறைகள் கட்டும் திட்டத்தோடு வந்தபோது, வாக்காளர்களில் கால்வாசிக்கு மேற்பட்டோர் கையெழுத்துப் போட்டுப் பொதுவாக்கெடுப்பு கேட்டார்கள். அந்த டிசம்பரில் நடக்க வேண்டியது வழக்கில் சிக்கியது. பிறகு கொரோனா வந்தது, திட்டமே கைவிடப்பட்டது. 2025-ல் மறுபடி கேட்டபோது கிடைத்ததுதான் நீங்கள் சொல்லும் "வேண்டாம்". இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: கேமனுக்குச் சோறு போடுவது முதலில் வங்கியும் நிதித் தொழிலும், அடுத்து விமானத்தில் வந்து ஒரு வாரம் தங்கிச் செலவழிக்கும் பயணிகள். கப்பல் கூட்டம் அவர்களுக்குக் கூடுதல் வரும்படி. பசி இல்லாதவனுக்குத்தான் இலையைப் பார்த்துக் குறைசொல்ல முடியும்.

ஃபால்மத்துக்கு அந்த வசதி இல்லை. 1769-ல் எழுந்த ஊர். சர்க்கரை உச்சத்தில் இருந்த காலத்தில் ஒரே நாளில் முப்பது கப்பல்கள்வரை நிற்குமாம். ஆப்பிரிக்க அடிமைகளின் முதுகில் ஏறி வந்த பணம் என்பதைச் சொல்லாமல் அந்த அழகான பழைய கல் கட்டடங்களைப் பற்றிப் பேசக் கூடாது. நியூயார்க்குக்கு முன்பே, 1799-ல், குழாயில் தண்ணீர் கண்ட ஊர் என்று அங்கே எல்லோரும் சொல்வார்கள். அந்தப் பெருமை இன்றும் வாட்டர் ஸ்கொயர் என்ற நாற்சந்தியின் பெயரில் நிற்கிறது. பிறகு அடிமைமுறை ஒழிந்தது, சர்க்கரை படுத்தது, நீராவிக் கப்பல்கள் வந்தன. அவற்றுக்கு அந்தத் துறைமுகத்தில் ஆழம் போதவில்லை. கப்பல் பெருத்ததால் ஊர் இளைத்தது.

2011-ல் அதே ஊருக்கு, அன்றைக்கு உலகத்திலேயே பெரிய சொகுசுக் கப்பல்களுக்காக, ஆழம் தோண்டித் துறை கட்டினார்கள். அரசின் துறைமுக ஆணையமும் ஒரு கப்பல் நிறுவனமும் கூட்டு. ஒயாசிஸ் ஆஃப் தி சீஸ் போன்ற 360 மீட்டர் கப்பல் வந்து நின்றால் ஊரின் மணிக்கூண்டு, மாதாகோவில் எல்லாம் பொம்மைபோலத் தெரியும். ஊர் மக்கள்தொகை பத்தாயிரத்துக்கும் குறைவு. இரண்டு கப்பல் ஒன்றாக நின்றால் கிட்டத்தட்ட அத்தனை பேர் அன்றைக்கு விருந்தாளிகள்.

மாலுமிக்கு ஃபால்மத் சொர்க்கம். கயிற்றை வீசி, மாட்டி, இறுக்கிவிட்டால் வேலை முடிந்தது. பாட்டிகளும் சக்கர நாற்காலிகளும் பாலத்தில் தாமாக இறங்குவார்கள். இறங்கி எங்கே போவார்கள் என்பதுதான் விஷயம். துறைக்கும் ஊருக்கும் நடுவே புதிதாக நிரப்பிய நிலத்தில் பழைய பாணியில் ஒரு கடைத்தெரு கட்டியிருக்கிறார்கள். கரீபியனில் எந்தத் துறையில் இறங்கினாலும் இருக்கும் அதே வைரக்கடை, அதே கைக்கடிகாரக் கடை. அதைத் தாண்டி பஸ் நிறுத்தம். ஓச்சோ ரியோஸ் ஊர்ப் பக்கம் டன்ஸ் ரிவர் அருவிக்கும் மாண்டிகோ பே நகருக்கும் வரிசையாக வண்டிகள். பிறகு வேலி. வேலியில் ஒரு வாசல். வாசலுக்கு அப்பால் ஃபால்மத்.

அந்த வாசலிலிருந்து கொஞ்சம் நடந்தால் தகர டிரம்மை நெடுக்காகப் பிளந்த அடுப்பில் கோழி சுடும் அம்மாள் ஒருவர் இருந்தார். பிமெண்டோ மரக்கட்டைப் புகையில், காரமிளகாயும் அந்த மரத்தின் காயான ஆல்ஸ்பைஸும் அரைத்துத் தடவிய கோழி. சில நாள் ஆட்டுக் கறியும் இருக்கும். 1845 முதல் இந்தியாவிலிருந்து கூலிகளாகப் போனவர்கள் கொண்டுபோன மஞ்சள் குழம்பு. சோற்றோடு சாப்பிட்டுக் கண்ணை மூடினால் எனக்கு ஊர் ஞாபகம் வரும்.

எத்தனை கோழி ஊறவைப்பது என்று எப்படி முடிவுசெய்வீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். கப்பலின் பருமனைப் பார்த்து என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். காலையில் பஸ்களை எண்ணுவேன் என்றார். பஸ் அதிகமானால் கோழியைக் குறைத்துவிடுவாராம். வாசல்வழியே நடந்து வருபவர்களில் பாதிப்பேர் வாட்டர் ஸ்கொயர்வரை போய், ஒரு படம் எடுத்துக்கொண்டு, கழிப்பறை தேடித் திரும்பிவிடுவார்கள் என்பதும் அவர் சொன்ன கணக்கு.

வேடிக்கை என்னவென்றால், துறை இல்லாத ஜார்ஜ் டவுனில் படகிலிருந்து இறங்குபவர் நாலு எட்டு வைத்தால் ஊர்த் தெருவில் நிற்கிறார். அங்கேயும் வைரக்கடை உண்டு, ஆனால் பக்கத்துச் சந்தில் மீன் வறுப்பவரும் அவர் கண்ணில் படுவார். எனவே உங்கள் ஊரில் துறை கட்ட வருகிறார்கள் என்றால் துறை எத்தனை மீட்டர் என்று நான் கேட்கமாட்டேன். துறைக்கும் தெருவுக்கும் இடையில் உள்ள நிலம் யாருடையது, வாசல் எந்தப் பக்கம் திறக்கும், வருமானத்தில் பங்கு யாருக்கு என்று கேட்பேன். பஹாமாஸின் நசாவில் 2019-ல் துறையை 25 ஆண்டுக் குத்தகைக்கு விட்டபோது உள்ளூர் மக்கள் முதலீடு செய்ய 49 விழுக்காடு பங்கை ஒதுக்கினார்கள்; புதுப்பித்த துறை 2023-ல் திறந்தது, வெளியே வந்தால் நேராகக் கடைவீதி. குறை இல்லாமல் இருக்காது, ஆனாலும் யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

இன்னொன்றையும் கணக்கில் எடுங்கள். கப்பல் நிறுவனங்கள் இப்போது சொந்தமாகவே தீவும் கடற்கரையும் வைத்திருக்கின்றன. பயணத்தில் ஒரு நாளை அங்கே கழித்தால் செலவழியும் காசு கடைசிவரை அவர்கள் பையில்தான். துறை கட்டக் கடன் வாங்கிய ஊர் அந்தக் கடற்கரையோடு போட்டி போட வேண்டும். பயண அட்டவணையை எழுதுபவர் ஃபால்மத்தில் உட்கார்ந்திருக்கவில்லை.

எனவே கேமன்காரர்களை முட்டாள்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஃபால்மத்காரர்கள் ஏமாந்தார்கள் என்றும் சொல்லமாட்டேன். வழிகாட்டியாகவும் பஸ் ஓட்டுநராகவும் வேலை கிடைத்த பையன்கள் அங்கே எனக்கு நண்பர்கள். நான் கடைசியாகப் போன அன்று எங்கள் கப்பலும் பக்கத்தில் இன்னொரு ராட்சதமும் நின்றன, ஒன்பதாயிரம் பயணிகள் இருக்கும். தட்டை நீட்டியபோது மணி ஒன்று. "கப்பலிலிருந்து நீ இன்றைக்கு ஏழாவது ஆள்" என்றார் அந்த அம்மாள். திரும்பிப் பார்த்தேன். நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த மற்ற ஆறு பேரும் எங்கள் கப்பலின் சமையலறைச் சிப்பந்திகள்.