ஒதுங்கிக்கொள்வது தாழ்மையாகுமா?

கேள்வி: எங்கள் சபையில் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். போன வருடம் உபவாசக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, "யார் பின்வாங்கினாலும் நான் என் விசுவாசத்தை மறைக்க மாட்டேன்" என்று பொருத்தனை பண்ணினேன். மூன்று மாதத்துக்கு முன் அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில், எங்கள் சபையைச் சேர்ந்த தோழி கண்ணை மூடி ஜெபம் பண்ணுவதை நான்கைந்து பேர் கேலி செய்துகொண்டிருந்தார்கள். ஒருவர் என் பக்கம் திரும்பி, "நீங்களும் அந்தக் கூட்டம்தானே?" என்றார். "சின்ன வயசுல போயிருக்கேன், இப்பல்லாம் இல்ல" என்று சொல்லிச் சிரித்தேன். அவள் பக்கத்து மேசையில்தான் இருந்தாள். அன்றிலிருந்து அவளிடம் பேசவில்லை. திருவிருந்திலும் பங்கெடுக்கவில்லை. பிள்ளைகள் முன்னால் நிற்கவே கூசுகிறது. தகுதியில்லாதவள் ஒதுங்கிக்கொள்வதுதானே தாழ்மை? பொறுப்பை விட்டுவிடலாமா? இல்லை, இன்னும் உறுதியாக ஒரு பொருத்தனை பண்ணிக்கொண்டு தொடரலாமா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

பொறுப்பை இப்போது விடாதீர்கள். புதிய பொருத்தனையும் வேண்டாம். இரண்டுக்கும் முன்னால் நீங்கள் போக வேண்டியது உங்கள் தோழியிடம். ஏற்கெனவே மூன்று மாதம் ஓடிவிட்டது, அதனால் இந்த வாரமே போங்கள். எப்படிப் போவது, என்ன சொல்வது என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். முதலில் உங்கள் கடிதத்தில் உள்ள 'தாழ்மை' என்ற சொல்லைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

"உமதுநிமித்தம் எல்லாரும் இடறலடைந்தாலும், நான் ஒருக்காலும் இடறலடையேன்" என்றார் பேதுரு (மத்தேயு 26:33). அவருடைய அன்பு பொய்யில்லை. ஆனால் எல்லாரையும் ஒரு பக்கம் நிறுத்தி, தன்னை மட்டும் மறுபக்கம் நிறுத்தியிருக்கிறார். உங்கள் "யார் பின்வாங்கினாலும்" என்பதிலும் அதேதான் இருக்கிறது. இன்றைக்கு, மற்றவர்களுக்கெல்லாம் தகுதி இருக்கிறது, எனக்கு மட்டும் இல்லை என்று ஒதுங்குகிறீர்கள். அன்று தட்டு மேலே நின்றது, இன்று கீழே கிடக்கிறது, தராசு அதேதான். நடந்தது எவ்வளவோ அவ்வளவை மட்டும் ஒத்துக்கொண்டு, கிடைக்கும் மன்னிப்பையும் வேலையையும் வாங்கிக்கொள்ளும் மனதைத்தான் வேதம் தாழ்மை என்கிறது. "மனத்தாழ்மையை அணிந்துகொள்ளுங்கள்" என்று பேதுருவின் முதல் நிருபத்தில் வருகிறதே (5:5), அங்கே மூலமொழியான கிரேக்கத்தில் உள்ள வினைச்சொல், வேலைக்காரர்கள் வேலைக்கு முன் துணியை இடுப்பில் முடிந்து கட்டிக்கொள்வதைச் சொல்வது. அந்தத் துணியைக் கட்டிக்கொண்டு யாரும் மூலையில் போய் உட்காருவதில்லை.

இனி, விழுந்த இடத்தைச் சரியாகக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குப் பேதுரு சறுக்கிய வழியைக் கூர்ந்து பாருங்கள். அவர் கோழை இல்லை. கெத்செமனே தோட்டத்தில் இயேசுவைப் பிடிக்க ஆயுதத்தோடு வந்த கூட்டத்துக்கு நடுவே வாளை உருவி, மல்குஸ் என்ற வேலைக்காரனின் வலது காதை வெட்டியவர். அப்படிப்பட்டவரை அதே இரவில், பிரதான ஆசாரியன் வீட்டு முற்றத்தில், ஒரு வேலைக்காரப் பெண்ணின் கேள்வி சாய்த்துவிட்டது. இயேசுவைத் தெரியாது என்று மறுத்தார். பெரிய சோதனைக்கு மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றார். சின்னச் சோதனை பக்கவாட்டில் வந்தது. உங்களுக்கும் அப்படித்தான். சிறைக்குப் போகிறாயா என்று யாரும் உங்களைக் கேட்கவில்லை. சாப்பாட்டு மேசையில் சிரித்துக்கொண்டே கேட்டார்கள்.

முற்றத்துக்குள் நுழையுமுன்பே சறுக்கல் தொடங்கிவிட்டது. விழித்திருக்கச் சொன்னபோது, ஆண்டவர் மூன்று முறை வந்து பார்த்தும் தூங்கிக்கொண்டிருந்தார். "ஆவி உற்சாகமுள்ளதுதான், மாம்சமோ பலவீனமுள்ளது" என்ற வார்த்தை அங்கே சொல்லப்பட்டதுதான். ஜெபத்துக்கான காரணமாகவே ஆண்டவர் அதைச் சொன்னார். நாம்தான் அதைச் சாக்காக ஆக்கிக்கொள்கிறோம். அடுத்து, "தூரத்திலே பின்சென்றான்" (லூக்கா 22:54). அடுத்து, குளிருக்காக எதிராளிகள் மூட்டிய கரிநெருப்பின் பக்கத்தில் போய் நின்றார். அதன் பிறகுதான் கேள்வி வந்தது. மத்தேயுவில் முதல் பதில், "நீ சொல்லுகிறது இன்னதென்று எனக்குத் தெரியாது." வெறும் நழுவல். இரண்டாவது முறை ஆணையிட்டு மறுத்தார். மூன்றாவது முறை சபிக்கவும் சத்தியம்பண்ணவும் தொடங்கினார். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே ஏறக்குறைய ஒரு மணி நேரம் இருந்தது என்று லூக்கா எழுதுகிறார். எழுந்து வெளியே போக அது போதும். அவர் போகவில்லை. உங்கள் "சின்ன வயசுல போயிருக்கேன்" முதல் வகையைச் சேர்ந்தது, பாதி உண்மை. உங்கள் மூன்று மாத மௌனம் அந்த ஒரு மணி நேரம். அதனால்தான் இந்த வாரமே என்கிறேன்.

இன்று இரவு ஒரு தாளில் அரைப் பக்கத்துக்கு மிகாமல் எழுதுங்கள். அன்று நீங்கள் சொன்னது என்ன, சொல்லுக்குச் சொல். எதற்குப் பயந்தீர்கள்: வேலை போய்விடும் என்றா, அந்த மேசையில் இடம் போய்விடும் என்றா? தனி ஜெபம் எப்போதிலிருந்து குறைந்தது? யாரெல்லாம் கேட்டார்கள்? பலர் இந்த இடத்தில், 'நான் மகா பாவி' என்று எழுதி முடித்துவிடுவார்கள். கண்ணீர் வரும், ஆனால் எந்தப் பாவம் என்பது பெயரில்லாமல் போய்விடும். பெயரில்லாத பாவத்துக்கு மன்னிப்புக் கேட்பது கடினம், அதை விடுவது அதைவிடக் கடினம்.

யூதாஸையும் இங்கே நினைக்க வேண்டியிருக்கிறது. அவனும் மனஸ்தாபப்பட்டான். முப்பது வெள்ளிக்காசைத் திருப்பிக் கொண்டுபோனான். குற்றமில்லாத இரத்தத்தைக் காட்டிக்கொடுத்துப் பாவஞ்செய்தேன் என்று வாயால் சொன்னான். சொன்னது பிரதான ஆசாரியர்களிடமும் மூப்பரிடமும். "எங்களுக்கென்ன, அது உன்பாடு" என்றார்கள். அங்கிருந்து தனியாகப் போனான். பேதுருவும் வெளியே போய் மனங்கசந்து அழுதார், ஆனால் ஆண்டவர் உயிர்த்தெழுந்த அன்று பேதுரு மற்ற சீஷர்களோடுதான் இருந்தார். "அவருடைய சீஷரிடத்திற்கும் பேதுருவினிடத்திற்கும் போய்" என்று கல்லறையில் சொல்லப்பட்ட செய்தியில் (மாற்கு 16:7) அவர் பெயர் தனியாக வருகிறது. மூன்று மாதமாகத் தனியே இருக்கும் உங்களைப் பற்றி எனக்குக் கவலை இருக்கிறது. வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் எப்போதாவது எட்டிப் பார்த்தால், அன்றைக்கே நம்பிக்கையான ஒருவரிடமும் மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள். தயங்க வேண்டாம்.

விழுந்தவர்களை என்ன செய்வது என்பது சபைக்குப் பழைய கேள்வி. கி.பி. 250இல் ரோமப் பேரரசன் டீசியஸ், எல்லாரும் தேவர்களுக்குப் பலியிட்டு அதற்குச் சான்றுச் சீட்டு வாங்க வேண்டும் என்று ஆணையிட்டான். பலர் பலியிட்டார்கள். சிலர் பலியிடாமல் பணம் கொடுத்துச் சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். அந்த உபத்திரவம் ஓய்ந்ததும், இப்படி விழுந்தவர்களுக்குச் சபையில் மன்னிப்பே கிடையாது என்று ரோமில் நோவாசியான் என்ற சபை மூப்பர் நின்றார். உடனே சேர்த்துக்கொள்ளுங்கள் என்று வேறு சிலர் நின்றார்கள். கார்த்தேஜ் ஆயர் சிப்பிரியான் இரண்டுக்கும் இசையவில்லை. 251இல் கூடிய ஆயர்கள் ஒவ்வொருவர் செய்ததையும் தனித்தனியே விசாரித்து, சீட்டு வாங்கியவருக்கு ஓர் அளவு, பலியிட்டவருக்கு வேறு அளவு என்று வைத்தார்கள். 325இல் நிசேயா சங்கத்தின் 11ஆம் விதி, மிரட்டலோ சொத்து இழப்போ ஆபத்தோ இல்லாமலே மறுதலித்த விசுவாசிகளுக்கு, வசனம் கேட்பவர்களோடு 3 வருடம், முழந்தாளிட்டு வேண்டுபவர்களோடு 7 வருடம், பிறகு திருவிருந்து இல்லாமல் சபையோடு ஜெபத்தில் 2 வருடம் என்று வகுத்தது. கடுமையான கணக்குதான். அதை இன்று உங்கள்மேல் சுமத்த நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கடுமைக்கும் ஒரு கடைசி நாள் இருந்தது. நீங்களே உங்களுக்கு விதித்துக்கொண்ட விலக்குக்கு அது இல்லை.

திருவிருந்தைப் பற்றி. "எந்த மனுஷனும் தன்னைத்தானே சோதித்தறிந்து" என்று தொடங்கும் வசனம் (1 கொரிந்தியர் 11:28) அதற்குப் பிறகு விலகி நிற்கச் சொல்லவில்லை. அப்பத்தில் புசித்து, பாத்திரத்தில் பானம்பண்ணச் சொல்கிறது. சோதித்தறிவது மேசைக்கு வருவதற்காக. நடுவில் ஒரு வேலை உண்டு: உன்மேல் சகோதரனுக்குக் குறை இருந்தால் காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு, முதலில் போய் அவனோடு ஒப்புரவாகு (மத்தேயு 5:23, 24). அதனால் தேதி குறிப்பது எளிது. அடுத்த திருவிருந்து ஞாயிறுக்கு முன்னால் தோழியைப் பார்த்தாக வேண்டும்.

அலுவலகத்தில் வேண்டாம், நேரில், தனியாக, பத்து நிமிடம் போதும். "அன்னைக்கு நீ ஜெபம் பண்ணினதைக் கேலி பண்ணும்போது நானும் சிரிச்சேன். நம்ம சபையைத் தெரியாத மாதிரி பேசினேன். நீ கேட்டுக்கிட்டுதான் இருந்தே. அப்புறம் மூணு மாசம் உன் முகத்தைப் பார்க்காம இருந்தேன். ரெண்டும் தப்பு. மன்னிச்சுக்கோ." இதோடு நிறுத்துங்கள். கெட்டுப்போவது பெரும்பாலும் அடுத்த வாக்கியத்தில்தான். 'உன் மனசு புண்பட்டிருந்தா' என்றால் குற்றம் அவள் மனதுக்குப் போய்விடும். 'எனக்கு அன்னைக்கு எவ்வளவு பயம் தெரியுமா' என்று விளக்க ஆரம்பித்தால் அவள் உங்களைத் தேற்ற வேண்டியதாகிவிடும். அழுகை வந்தால் வரட்டும், ஆனால் பேச்சை அதற்கு விட்டுவிடாதீர்கள். அவள் கோபப்பட்டால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். உடனே பதில் சொல்லாவிட்டால், "நீ இப்பவே சொல்லணும்னு இல்ல" என்று விட்டுவிட்டு வாருங்கள்.

இன்னொன்று பாக்கி. நீங்கள் மறுத்தது நான்கைந்து பேர் முன்னால். திருத்துவதும் அவர்கள் காதில் விழ வேண்டும். உரை வேண்டாம், சாட்சி சொல்லவும் வேண்டாம். அதே மேசையில், தோழியிடம் பேசிய பிறகு, அவளுடைய சம்மதத்தோடு ஒரு வரி: "அன்னைக்கு நான் சொன்னது சரியில்ல. நானும் அந்தச் சபைதான், இப்பவும் போறேன்." யாராவது சிரிக்கலாம். சிரித்தால் சாப்பாட்டைத் தொடருங்கள்.

போதகரிடம் போகும்போது ராஜினாமாக் கடிதத்தோடு போகாதீர்கள். நடந்ததைச் சொல்லி, சில வாரம் பாடம் எடுக்காமல் பின்வரிசையில் உட்கார வேண்டுமா என்று கேளுங்கள். வேண்டும் என்றால் அது முடியும் தேதியையும் அவரே சொல்லட்டும். எப்போது போதும் என்பதை நீங்களே தீர்மானிக்க ஆரம்பித்தால், அது ஒருநாளும் போதாது.

பொருத்தனைக்கு வருகிறேன். திபேரியா கடற்கரையில் ஆண்டவர் பேதுருவைக் கேட்ட முதல் கேள்வி, "இவர்களிலும் அதிகமாய் நீ என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா?" அங்கேயும் கரிநெருப்பு மூட்டியிருந்தது. யோவான் அந்தச் சொல்லை இந்த இரண்டு இடங்களில் மட்டும்தான் பயன்படுத்துகிறார். பேதுருவின் பதிலில் 'இவர்களிலும் அதிகமாய்' இல்லை. நான் உம்மை நேசிக்கிறேன் என்பதை நீர் அறிவீர் என்பதோடு நிறுத்திக்கொண்டார். இனி ஒருக்காலும் மறுதலியேன் என்று அவர் சொல்லவில்லை, ஆண்டவரும் கேட்கவில்லை. 'என் ஆடுகளை மேய்ப்பாயாக' என்று மூன்று முறையும் கையில் வேலையைத்தான் கொடுத்தார். பெரிய வாக்குக்குப் பதிலாக ஒரு சின்ன வாக்கியத்தைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்: "ஆமா, நான் கிறிஸ்தவள்தான்." வீட்டில் சத்தமாகப் பத்துத் தடவை சொல்லிப் பாருங்கள். சின்னப்பிள்ளைத்தனமாகத் தோன்றும், ஆனால் கேள்வி திடீரென்று வரும்போது வாய் பழகியதைத்தான் சொல்லும்.

மறுபடியும் விழமாட்டீர்கள் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. பெந்தெகொஸ்தே நாளுக்குப் பிறகும் பேதுரு அந்தியோகியாவில் மனுஷருக்குப் பயந்து, புறஜாதியாரோடு சாப்பிடுவதை விட்டு விலகினார். பவுல் அவரை எல்லாருக்கும் முன்பாக நேருக்கு நேர் கண்டித்தார் (கலாத்தியர் 2:11–14). அதே சாப்பாட்டு மேசை, அதே பயம். பேதுருவின் இரண்டாம் நிருபத்திலோ பவுல் 'நமக்குப் பிரியமான சகோதரன்'. உங்களை இப்படி முகத்துக்கு நேரே கேட்க ஒருவர் வேண்டும். தோழி மன்னித்தால், சில மாதம் கழித்து அவளிடமே அதைக் கேளுங்கள். அவள் மன்னிக்கவில்லை என்றாலும் திருவிருந்துக்குப் போங்கள். "கூடுமானால் உங்களாலானமட்டும்" சமாதானமாயிருங்கள் என்றுதான் ரோமர் 12:18 கேட்கிறது. அவளுடைய பெயரைச் சொல்லி ஜெபியுங்கள், அலுவலகத்தில் பார்த்தால் முகம் திருப்பாமல் வணக்கம் சொல்லுங்கள். அவளுக்கு எத்தனை மாதம் வேண்டும் என்பதை அவளிடமே விட்டுவிடுங்கள்.