கைப்பிடி அரிசிக்கு என்ன கணக்குச் சொல்வேன்?

அன்புள்ள ஆலோசகர் அம்மாவுக்கு, ஸ்தோத்திரம்.

பொறையாறு பக்கத்தில் ஒரு கடைமடைக் கிராமம் எங்களுடையது. எனக்கு வயது 33. விவசாயப் பட்டயம் படித்துவிட்டு, 2021 அக்டோபரில் ஓர் ஊழிய ஸ்தாபனம் மூலமாக ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டுக்கு மிஷனரியாகப் போனேன். இந்த ஏப்ரலில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டதால் திரும்பினேன். அப்பா இப்போது தடி ஊன்றி வாய்க்கால் மதகு வரை நடக்கிறார். விழுந்து கிடப்பது நான்.

என்னைத் தாங்கியது எங்கள் சபைப் பெண்கள். உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்துப் போட்டு, மாதக் கடைசியில் கோயிலில் கொண்டுவந்து கொட்டுவார்கள். அதை விற்ற காசுதான் ஸ்தாபனம் வழியாக எனக்கு மாதப்படியாக வந்தது. நூறு நாள் வேலைக்குப் போகிற அம்மாக்களும் அதில் உண்டு. வருகிற அறுப்பின் பண்டிகையில் நான் சாட்சி சொல்ல வேண்டுமாம். அதை நினைத்தாலே வயிற்றைப் புரட்டுகிறது.

நான் இருந்தது நாட்டின் தெற்கில், பலோம்பே பக்கம், சில்வா ஏரிக்கு அருகில். அந்த ஏரிக்கு வடிகால் கிடையாது. ஆறுகள் வந்து விழும், வெயிலில் வற்றும், சில வருஷம் ஏரியே காணாமல் போகும். சுற்றிலும் நெல். நெல்லா, நமக்குத் தெரியாததா என்ற திமிரோடு இறங்கினேன். கயிறு பிடித்து ஒற்றை நாற்று நடச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு பெரியவர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "எல்லா நிலத்தையும் நெல்லாக்காதே, இந்த ஏரியை நீ இன்னும் ஒரு வருஷம்கூடப் பார்க்கவில்லை" என்றார். சோம்பேறிப் பேச்சு என்று நினைத்தேன். பிறகு அவரிடமே போய்க் கேட்டுக்கேட்டு நட்டேன்.

விடிவதற்குள் வாசல் கூட்டும் சத்தம், அடிபம்பில் குடத்து வரிசை, பிறகு மக்காச்சோளக் களி, நம் நெத்திலிக் கருவாடு மாதிரி மதெம்பா. யாரைப் பார்த்தாலும் முதலில் "ம்வாட்சுகா ப்வாஞ்சி", அதாவது "எப்படி விழித்தீர்கள்?" என்று கேட்க வேண்டும். அவர் பதில் சொல்லி, நம்மைத் திருப்பிக் கேட்டு, நாமும் சொன்ன பிறகுதான் வேலைப் பேச்சு. முதல் வருஷம் இதெல்லாம் எனக்கு நேர விரயம். இந்தியரை அங்கே 'அம்வென்யே' என்பார்கள். அம்வென்யே என்றால் கடை முதலாளி. நான் வேதபுத்தகத்தோடு போய் நின்றால் துணி மீட்டர் என்ன விலை என்று கேட்டார்கள்.

ஜனவரியிலிருந்து மார்ச் வரை பசி மாதங்கள். பழைய சோளம் தீர்ந்திருக்கும், புதியது முற்றியிருக்காது. தங்கள் வயலை விட்டுவிட்டு அடுத்தவர் வயலில் 'கன்யு' என்கிற தினக்கூலிக்குப் போவார்கள். சொந்த வயலில் களை மண்டும், அடுத்த வருஷமும் பசி வரும். பண்ணையாள் பரம்பரையில் பிறந்த எனக்கே இது புரிய ஆறு மாதம் ஆனது.

பக்கத்து வீட்டில் ஒரு பாட்டி. அகோகோ என்று கூப்பிடுவேன், அங்கே பாட்டிக்கு அதுதான் சொல். யாவோ இனம், இஸ்லாமியர். எனக்கு மலேரியா வந்த ஒன்பது நாளும் களி கிண்டிக் கொண்டுவந்தார். மண்டியிட்டுத்தான் கைகழுவத் தண்ணீர் ஊற்றுவார். நான் பதறி எழுந்தால், "உட்கார், இது உனக்காக இல்லை, சாப்பாட்டுக்காக" என்பார். 'மலிரோ', அதாவது சாவுவீடு, எப்படி உட்கார வேண்டும் என்று காட்டியதும் அவர்தான். ஊரில் ஒரு சாவு என்றால் அடக்கம் முடியும்வரை யாரும் வயலுக்கு மண்வெட்டி எடுத்துப் போகக் கூடாது. நடவு நேரத்தில் மூன்று நாள் போச்சே என்று நான் முணுமுணுத்ததுண்டு. பிறகு ஆண்களோடு வெளியே தரையில் ஒன்றும் பேசாமல் உட்காரப் பழகினேன். வேதத்தில், எல்லாம் இழந்த யோபுவோடு அவன் சிநேகிதர் ஏழு நாள் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள், வாய் திறந்த பிறகுதான் கெடுத்தார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. அங்கே நான் படித்த பாடம் என்று உண்மையாகச் சொல்ல அது ஒன்றுதான்.

2023 மார்ச்சில் ஃபிரெடி புயல். ஆறு மாத மழை ஆறு நாளில் கொட்டியது என்றார்கள். இரவில் மலையிலிருந்து சேறும் பாறையுமாக வந்தது. நான் பள்ளிக்கூட மேட்டில் இருந்தேன். கீழே கூப்பிடுகிற சத்தம் கேட்டது. இறங்கவில்லை. விடிந்தபோது அகோகோவின் வீடு இருந்த இடம் தெரியவில்லை, உடலும் கிடைக்கவில்லை. ரம்ஜான் நோன்புக்குப் பத்து நாள்தான் இருந்தது. (2004 சுனாமியில் எங்கள் சின்னம்மா மகள் போனாள், எனக்கு அப்போது 12 வயது, அன்றும் ஓடித்தான் பிழைத்தேன். அது பழைய கதை.)

தாங்குகிறவர்களுக்கு மாதாமாதம் போகும் ஜெபக் கடிதத்தில் அந்த மாதம் அகோகோவைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். ஸ்தாபனத்தில் அதை எடுத்துவிட்டார்கள். வேற்று மதத்துப் பெண்மணி, தாங்குகிறவர்கள் குழம்புவார்கள் என்றார்கள். 'வெள்ளத்தின் நடுவே எழுப்புதல்', அதாவது விசுவாச விழிப்பு, என்று தலைப்புப் போட்டு வந்தது. நான் சண்டை போடவில்லை. அடுத்த மாதத்திலிருந்து அவர்கள் வெட்ட அவசியமில்லாதபடி நானே எழுதப் பழகிவிட்டேன்.

இப்போது மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. மழை பிடித்தால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. இந்த ஐப்பசி முழுக்க அப்படித்தான். அம்மா மிச்சச் சோற்றைக் கொட்டினால் கத்துகிறேன். ஜெபம் வரவில்லை. சில நாள், தூங்கி எழாமலே இருந்துவிட்டால் தேவலை என்று தோன்றுகிறது. காலையில் அப்பாவிடம் மட்டும் பழக்கத்தில் "எப்படி முழிச்சீங்க?" என்று கேட்கிறேன். ஒரு நாளில் நான் மனதார பேசுவது அது ஒன்றுதான். எலியா தீர்க்கதரிசி சோர்ந்துபோய், சாவைக் கேட்டு, சூரைச் செடியின் கீழே படுத்த கதையைத் தயவுசெய்து சொல்லாதீர்கள், நானே அதைப் பத்து முறை பிரசங்கித்திருக்கிறேன்.

நான் விசுவாசத்தை விட்டுவிட்டேனா, அல்லது இது வியாதியா? அந்த அம்மாக்களுக்கு முன்னால் எப்படி நிற்பேன்?

இப்படிக்கு,
கடைமடைக்காரன்

* * *

அன்புள்ள தம்பி,

எலியாவைச் சொல்லமாட்டேன். நான் கிறிஸ்தவள் இல்லை. கும்பகோணத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் படித்ததால் உங்கள் சொற்கள் எனக்குப் பழக்கம், அவ்வளவுதான்.

முதலில், "எழாமலே இருந்துவிட்டால் தேவலை" என்று எழுதியிருக்கிறீர்களே, அது. இதை எழுதியதற்கு நன்றி. இந்த நினைப்பு வருகிற இரவில் தனியாகப் படுக்காதீர்கள், வீட்டில் ஒருவரை எழுப்பிவிடுங்கள். 14416 என்ற டெலிமானஸ் எண்ணை, அரசின் மனநல உதவி எண் அது, எந்நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணமாக அது மாறினால் என் பதிலுக்கோ மற்ற பரிசோதனைகளுக்கோ காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மாறாவிட்டாலும் இந்த வாரமே மனநல மருத்துவரைப் பாருங்கள். மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையில் அந்தப் பிரிவு உண்டு, தஞ்சை மருத்துவக் கல்லூரியிலும் உண்டு.

அங்கே போனதும் நீங்களாகவே சொல்ல வேண்டியது ஒன்று: மலாவியில் ஏரி ஓரம் முழங்கால் தண்ணீரில் நின்று நெல் நட்டேன் என்று சொல்லுங்கள். ஆப்பிரிக்க நன்னீரில் நத்தை வழியாகப் பரவும் பில்ஹார்சியா என்ற புழுநோய் உண்டு. நம் ஊர் மருத்துவர்கள் அதை அதிகம் பார்த்திருக்கமாட்டார்கள், நீங்கள் சொன்னால்தான் சோதிப்பார்கள். பல வருஷம் உள்ளேயே இருந்து ஆளைச் சோர வைக்கும், ஆனால் மாத்திரையில் தீரக்கூடியது. காய்ச்சல் வந்தால் மலேரியாவுக்கும் பார்க்க வேண்டும். மலேரியா தடுப்புக்கு வாராவாரம் மெஃப்ளோகுயின் மாத்திரை எடுத்தீர்களா? சிலருக்கு அது கெட்ட கனவும் பதற்றமும் மனச்சோர்வும் தரும், நிறுத்திய பிறகும் நீடித்தவர்கள் இருக்கிறார்கள். தைராய்டு, பி12, ரத்தச்சோகையும் பார்க்கச் சொல்லுங்கள். மனசைப் பற்றிக் கேட்டால் ரத்தத்தைப் பற்றிப் பேசுகிறாளே என்று நினைக்காதீர்கள். உடம்பு சோர்ந்ததை ஆத்துமா சோர்ந்ததாக எண்ணி வருஷக்கணக்கில் உபவாசம் இருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இனி அந்த இரவு. மேட்டூரில் ஜூன் 12 அன்று திறந்தாலும் உங்கள் ஊர் வாய்க்காலுக்குத் தண்ணீர் எப்போது வரும் என்று உங்களுக்குத் தெரியும். மதகு மதகாக நின்றுதான் வரும். வெள்ளத்துக்குப் பிறகு இரண்டு வருஷம் நீங்கள் அங்கேயே வேலை பார்த்தீர்கள். பகலெல்லாம் மூட்டை சுமந்தால் மதகு மூடியே இருக்கும். ஏப்ரலில் வீட்டுக்கு வந்தீர்கள், ஐப்பசி மழை பிடித்தது, எல்லாம் சேர்ந்து இப்போதுதான் உங்கள் வயலுக்கு வந்திருக்கிறது. மழைச் சத்தத்துக்கு நெஞ்சு அடித்துக்கொள்வதை வைத்து உங்கள் விசுவாசத்தை அளக்க முடியாது. மழையில் உங்கள் உடம்புக்கு அந்த ராத்திரியின் சத்தம் கேட்கிறது. அப்போது படுத்திருக்காதீர்கள். விளக்கைப் போட்டு, பாதம் இரண்டையும் தரையில் ஊன்றி உட்கார்ந்து, கண்ணில் படுகிற சாமான்களைப் பேர் சொல்லி எண்ணுங்கள். சின்னப்பிள்ளைத்தனமாகத்தான் இருக்கும். செய்துபாருங்கள்.

நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்ட அந்த வரிக்கு வருகிறேன். 2005 தொடக்கத்தில் நாகை முகாம்களில் நான் பயிற்சி மாணவி. ஓடிப் பிழைத்த பிள்ளைகள் எத்தனையோ பேர். "அவ கையை விட்டுட்டேன் அக்கா" என்று ஒரு பையன் சொல்ல எனக்கு வாயடைத்துவிட்டது, இருபது வருஷமாகியும் அந்தக் குரல் போகவில்லை. பன்னிரண்டு வயதில் ஓடியதற்குக் கணக்குத் தீர்க்கத்தான் நீங்கள் அவ்வளவு தூரம் போனீர்களா என்பது எனக்குத் தெரியாது. உங்கள் அழைப்பை அப்படிச் சுருக்கவும் எனக்கு உரிமையில்லை. ஆனால் இரண்டு தண்ணீரும் உங்களுக்குள் ஒன்றாகிவிட்டது போலத்தான் படுகிறது. சேறு வருகிற இருட்டில், எது வழி எது பள்ளம் என்று தெரியாமல் நின்றவனை, விடிந்த பிறகு கிடைத்த தகவலை வைத்து விசாரிக்கிறீர்கள். இதைப் பேசித் தீர்க்க முறையான சிகிச்சை இருக்கிறது. ஒரு கடிதத்தில் ஆகிற காரியம் இல்லை.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அந்த வெட்டப்பட்ட பக்கம். உங்கள் வீட்டிலிருந்து தரங்கம்பாடி கூப்பிடு தூரம். ஜெர்மன் மிஷனரிகளான சீகன்பால்குவும் புளூட்சோவும் 1706 ஜூலை 9 அன்று அங்கே வந்து இறங்கியதை நீங்கள் ஞாயிறு பள்ளியிலேயே கேட்டிருப்பீர்கள். பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் அ, ஆ எழுதித்தான் சீகன்பால்கு தமிழ் படித்தார். இங்கிருந்து எழுதிய கடிதங்களை ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சிட்டு ஆதரவாளர்களுக்கு அனுப்பினார்கள். இன்றைய ஜெபக் கடிதத்துக்கு அது பாட்டன் மாதிரி. அங்கேயும் வெட்டித் திருத்தித்தான் போட்டார்கள். 1713-இல் அவர் இங்குள்ள மக்கள் வணங்கும் தெய்வங்களைப் பற்றி, அவர்களிடமே கேட்டுக்கேட்டு, ஒரு முழு நூல் எழுதி அனுப்பினார். அஞ்ஞானத்தை ஒழிக்கத்தானே உம்மை அனுப்பினோம், அதை இங்கே பரப்பவா என்கிற தோரணையில் ஹாலேயில் அதைக் கட்டிப் பரணில் போட்டுவிட்டார்கள். அச்சேறியது 1867-இல், அதுவும் சென்னையில். அவர் 1719-லேயே, 36 வயதில், இறந்துபோயிருந்தார்.

அனுப்பியவர்களுக்குக் கொடுத்ததன் கணக்கு வேண்டும். போனவர் அங்கே வாங்கிக்கொண்டதன் கணக்கும் ஒன்று இருக்கிறது. உங்களிடம் அந்த இரண்டாவது கணக்கு நிறைய இருக்கிறது: அடக்கம் முடியும்வரை மண்வெட்டி தொடாத ஊர், ஏரியைப் படித்த பெரியவர், மண்டியிட்டுத் தண்ணீர் ஊற்றிய பாட்டி. அதையெல்லாம் மறைத்து மறைத்து எழுதி, இப்போது ஜெபத்திலும் வெட்டி ஒட்டித்தான் பேச வேண்டும் என்று பழகிவிட்டீர்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம். அப்படியானால் ஜெபம் வராததில் ஆச்சரியமில்லை. அப்பாவிடம் காலையில் கேட்கிறீர்களே, அது ஜெபக் கணக்கில் சேருமா என்று உங்கள் போதகரைக் கேளுங்கள். எனக்குச் சேரும் என்றுதான் தோன்றுகிறது. விசுவாசத்தை விட்டுவிட்டீர்களா என்பதையும் அவரிடமே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் உடம்பு தேறித் தூக்கம் வரும்வரை அந்தத் தீர்ப்பை எழுத வேண்டாம்.

திரும்பி வந்துவிட்டதும் உறுத்துகிறது போலிருக்கிறது. இறங்கிய இருவரில் புளூட்சோ 1711-லேயே ஊர் திரும்பிவிட்டார். அங்கே ஒரு சபையின் போதகராக இருந்து 1752 வரை வாழ்ந்தார். அவர் ஓடிவிட்டார் என்று இத்தனை வருஷத்தில் என்னிடம் யாரும் குறை சொன்னதில்லை.

அறுப்பின் பண்டிகை மேடையை இந்த வருஷம் விட்டுவிடுங்கள். உடம்பு சரியில்லை என்று சொல்லலாம், அது பொய்யில்லை. மேடையில் மைக் இருக்கும், போட்டோ எடுப்பார்கள், உங்கள் வாய் தானாகவே 'எழுப்புதல்' பேச ஆரம்பித்துவிடும். அதற்குப் பதில், கொஞ்சம் தெம்பு வந்த பிறகு, அரிசி எடுத்துவைத்த அம்மாக்களில் இரண்டு மூன்று பேர் வீட்டுத் திண்ணைக்குப் போங்கள். அவர்களிடம் பசி மாதங்களைச் சொல்லுங்கள். கன்யுவைப் பற்றி அவர்களுக்கு விளக்கவே வேண்டியிருக்காது. உங்கள் அரிசியில் வளர்ந்த எனக்கு அங்கே ஒரு துலுக்கப் பாட்டி சோறு போட்டாள் என்று சொன்னால் அவர்கள் குழம்பிவிடுவார்கள் என்று ஸ்தாபனத்தில் இருந்தவர்கள் நினைத்தார்கள். நாகூருக்கும் வேளாங்கண்ணிக்கும் ஒரே பஸ்ஸில் போய்வருகிற ஜனங்களைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும்? ஒருத்தி முகம் சுளித்தாலும் சுளிக்கலாம். சுளிக்கட்டுமே.

மாத்திரை அட்டை ஏதாவது பெட்டியில் மிச்சம் இருந்தால் மருத்துவரிடம் எடுத்துப்போங்கள். அவர் என்ன சொன்னார் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். அந்தப் பாட்டியின் பெயரையும் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்