மைதானத்தில் ஓடும்போது எல்லோரும் நம்மையே பார்ப்பதுபோல் தோன்றுவது ஏன்?

பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் ஓடப் போனால் ஊரே பார்த்துச் சிரிப்பதுபோல் ஒரு கூச்சம் வருமே, அது பெரும்பாலும் மனக்கணக்கில் வரும் பிழை. நம் தொப்பையும் இரைப்பும் நமக்குப் பெரிதாகத் தெரிவதால், மற்றவர்களுக்கும் அப்படியே தெரியும் என்று எடுத்துக்கொள்கிறோம். 2000இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனையில், சங்கடமான படம் போட்ட டீ-சர்ட் அணிந்தவர்கள், அறையில் இருந்தவர்களில் பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்றார்கள். கவனித்தவர்கள் கால்வாசிதான்.

ஆனித் தேரோட்டத்துக்குச் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுப் போனால் நமக்கு முழுக்க அதே நினைப்பு. ரத வீதியில் நிற்பவர்கள் கண்ணெல்லாம் தேர்மேல்.

சரி, நிஜமாகவே ஒருவன் "ஏலே, யானை ஓடுது பாருல" என்று கத்தினால்? கத்துவான். பதில் வராத கேலி அவனுக்கே சீக்கிரம் சலித்துவிடும்.

கூச்சம் போனபிறகு தொடங்கலாம் என்று பலர் தள்ளிப்போடுகிறார்கள். அது ஓடத் தொடங்கிய பிறகு, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போகும்.