மேசைமேல் ரயில்பாதை: வாசகர் கேள்வி – பதில்

கே: எங்கள் கூடத்தில் சுவரோரமாக ஐந்தடி நீளம், ஓரடி அகலம்தான் ஒதுக்க முடியும். வட்டப்பாதை போட வழியில்லை. எஞ்சினை முன்னும் பின்னும் ஓட்டுவது தவிர இந்த இடத்தில் வேறு என்ன செய்யலாம்?
– வாசகர், கோவை

ப: வட்டப்பாதையில் ரயில் சுற்றுவதைப் பத்து நிமிடம் பார்க்கலாம். வேகன்களைப் பிரித்துக் கோத்து வரிசைப்படுத்தும் ஷண்டிங் யார்டு அமைத்துவிட்டால் ஒரு மாலைப்பொழுதே போய்விடும். உங்கள் அளவுக்குப் பொருந்துவது 'இங்கிள்நுக்' என்ற அமைப்பு. இங்கிலாந்தைச் சேர்ந்த ஆலன் ரைட் வகுத்தது. தேவைப்படுபவை இரண்டு பாயிண்ட் (பாதை இரண்டாகப் பிரியும் இடம்), மூன்று சைடிங் (வேகன்களை நிறுத்தும் கிளைப்பாதை), ஒரு சிறிய எஞ்சின், எட்டு நாலுசக்கர வேகன்கள்.

நீளமான சைடிங்கில் ஐந்து வேகன் நிற்க வேண்டும். மற்ற இரண்டிலும் மும்மூன்று. பாயிண்டுகளுக்கு இந்தப் பக்கம் எஞ்சின் ஒதுங்கும் பாதையில் எஞ்சினோடு மூன்று வேகன்தான் கொள்ள வேண்டும். நான்காவதற்கு இடம் இருக்கவே கூடாது. நீளச் சைடிங்கில் ஐந்து, ஒரு குட்டைச் சைடிங்கில் மூன்று என்று நிறுத்திவிட்டு, 1 முதல் 8 வரை எண் எழுதிய சீட்டுகளைக் குலுக்கி ஐந்து எடுங்கள். சீட்டு வந்த அதே வரிசையில் ஐந்து வேகன்களையும் நீளச் சைடிங்கில் கோத்து நிறுத்த வேண்டும். இப்படி 6720 வரிசைகள் வர முடியும். ஐந்தையும் ஒரே இழுப்பில் வெளியே கொண்டுவர முடியாததால்தான் மூளைக்கு வேலை. இடம் இருக்கிறதே என்று ஒதுங்கும் பாதையை நீட்டிவிட்டால் புதிரின் உயிரே போய்விடும்.

சைடிங்கின் நீளத்தைப் பாயிண்டின் நுனியிலிருந்து அளக்காதீர்கள். பக்கத்துப் பாதையில் போகும் வண்டி உரசாத இடம், அதாவது ரயில்வேயில் ஃபவுலிங் மார்க் என்கிறார்களே, அங்கிருந்து அளக்க வேண்டும். உங்களிடம் உள்ள வேகன்களையே கோத்து வைத்து அளந்துவிட்டுத் தண்டவாளத்தை வெட்டுங்கள். வண்டிகளைக் கோக்கும் கப்ளிங்கோடு சேர்த்து ஒரு குட்டை வேகன் 80 முதல் 85 மி.மீ. வரும். சிறிய பாயிண்ட் ஒன்று 185 மி.மீ. அளவில் கிடைக்கிறது. ஐந்து வேகன், இரண்டு பாயிண்ட், எஞ்சின், மூன்று வேகன் எல்லாம் சேர்த்தாலும் 1200 மி.மீ.க்குள் அடங்கும். ஐந்தடி என்றால் ஒரு சரக்குக் கொட்டகையும் வைக்கலாம்.

வேகன்களைப் பிரிக்கத் தண்டவாளத்துக்கு நடுவே காந்தம் பதிப்பவர்கள் உண்டு. இரும்பு அச்சு உள்ள வேகன் காந்தத்தின் மேல் தானாக நகர்ந்து, வேண்டாத இடத்தில் கழன்றுகொள்ளும். மடக்கிய விரல்கள் போலக் கவ்வும் நக்கிள் கப்ளிங் என்றால் கூர்சீவிய மூங்கில் குச்சியை மேலிருந்து நடுவில் விட்டு லேசாகத் திருகினாலே போதும். யார்டில் நின்று வேலை செய்கிற உணர்வும் அதில்தான் வருகிறது.

கே: ஹெச்.ஓ. என்றும் ஓ.ஓ. என்றும் விற்கிறார்கள். இரண்டும் ஒரே தண்டவாளத்தில் ஓடுகின்றன. கலந்து வாங்கலாமா?
– வாசகி, ஈரோடு

ப: ஓடும், ஆனால் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் ஒட்டாது. இரண்டுக்கும் பாதை அகலம் 16.5 மி.மீ. ஹெச்.ஓ. என்பது அசல் வண்டியின் அளவில் 87இல் ஒரு பங்கு, ஓ.ஓ. என்பது சுமார் 76இல் ஒரு பங்கு. பிரிட்டனின் எஞ்சின்கள் உருவில் சிறியவை. அந்தக் காலத்து மோட்டார் உள்ளே அடங்கவில்லை என்பதால் உடலை மட்டும் பெரிதாக்கிவிட்டு, பாதையை அப்படியே விட்டார்கள்.

நம் ஊர் வண்டிகளுக்கு வேறொரு சிக்கல். அகலப்பாதை 1676 மி.மீ.; 87ஆல் வகுத்தால் 19 மி.மீ.க்குச் சற்று மேல் வருகிறது. ஆகவே 16.5 மி.மீ. தண்டவாளத்தில் நிற்கும் எந்த இந்திய மாடலும் கால் குறுகித்தான் தெரியும். பக்கவாட்டில் பார்க்கும் உயரத்தில் மேசையை அமைத்தால் இது கண்ணில் படாது. தரையிலிருந்து 110 முதல் 120 செ.மீ. வரை நல்ல உயரம். குழந்தைகளுக்கு ஒரு முக்காலி போட்டுவிடுங்கள்.

கே: எட்டுக்கு நாலடி பிளைவுட்டில் 18 அங்குல ஆர வளைவு போட்டிருக்கிறேன். எஞ்சின் மட்டும் நன்றாக ஓடுகிறது. நீளப் பெட்டிகளைக் கோத்தால் வளைவில் தடம் புரள்கின்றன. தண்டவாளத்தை இரண்டு முறை பிரித்துப் போட்டாயிற்று.
– வாசகர், திருச்சி

ப: மூன்றாம் முறை பிரிப்பதற்கு முன் பெட்டியைப் பாருங்கள். சென்னைத் தொழிற்சாலையின் பழைய வகையான ஐ.சி.எஃப். பெட்டியின் உடல் நீளம் 21.3 மீட்டர், ஹெச்.ஓ.வில் அது 245 மி.மீ. ஜெர்மன் வடிவமைப்பில் வந்த புதிய எல்.ஹெச்.பி. பெட்டி 270 மி.மீ.யைத் தாண்டும். இவ்வளவு நீளத்துக்கு 18 அங்குலம், அதாவது 457 மி.மீ. ஆரம் மிகவும் நெருக்கடி. பெட்டியின் முனை வளைவுக்கு வெளியே பிதுங்கும்போது உடலோடு பொருத்திய கப்ளிங் அடுத்த பெட்டியைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. நாலடி அகலப் பலகையில் ஓரத்துக்கு இரண்டிரண்டு அங்குலம் விட்டு 22 அங்குல ஆரம் வரை போக முடியும். அதற்கு மாற்றினாலே பாதித் தொல்லை தீரும்.

மீதியை இந்த வரிசையில் சோதியுங்கள். முதலில் சக்கரங்களின் உட்புற இடைவெளி, 14.4 மி.மீ.யை ஒட்டி இருக்க வேண்டும். குறைந்தால் பாயிண்டில் ஏறும், கூடினால் வளைவில் ஏறும். அடுத்து எடை. அமெரிக்க மாடல் ரயில் சங்கமான என்.எம்.ஆர்.ஏ. தரும் கணக்கு இது: ஒரு அவுன்ஸோடு, நீளத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ் கூட்ட வேண்டும். உங்கள் ஐ.சி.எஃப். பெட்டிக்கு அது 165 கிராம் அளவு. கடையில் வாங்கிய பெட்டியைச் சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள். குறைந்தால் தரைத்தளத்தில், போகிகளுக்கு, அதாவது சக்கரத் தொகுதிகளுக்கு, நேர் மேலே, நட்டோ வாஷரோ ஒட்டி நிரப்புங்கள். கூரைக்கருகே எடை வைத்தால் கவிழும்.

கடைசியாகத் தண்டவாள இணைப்பு. வளைவின் நடுவே இரண்டு ஃபிளெக்ஸ் துண்டுகள் (வேண்டியபடி வளைத்துப் போடும் தண்டவாளம்) சேரும் இடத்தில் முழங்கை போல ஒரு மடிப்பு விழும். நேராக வைத்துச் சால்டர் செய்துவிட்டுப் பிறகு வளைத்தால் மடிப்பு வராது. கண்ணைத் தண்டவாள மட்டத்துக்குக் கொண்டுபோய் நீளவாக்கில் பாருங்கள், ஒளிந்திருக்கிற கோணல் அப்போதுதான் தெரியும்.

கே: மார்கழியில் போட்ட பாதை சித்திரையில் வில்லாக வளைந்துவிட்டது. வெயிலுக்கு இரும்பு நீள்வதாலா?
– வாசகர், சென்னை

ப: உங்கள் தண்டவாளம் இரும்பு இல்லை, நிக்கல் சில்வர் என்கிற உலோகக் கலவையாக இருக்கும். செம்பு, துத்தநாகம், நிக்கல் சேர்ந்தது, பெயரில்தான் வெள்ளி. வெப்பம் 20 டிகிரி கூடினால் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு மி.மீ. நீளும். எட்டடிக்கு ஒரு மி.மீ.கூட வராது. ஆனால் எல்லா இணைப்பையும் சால்டர் செய்துவிட்டால் அந்தச் சொற்ப நீட்சிக்கும் போக்கிடம் இல்லை, பக்கவாட்டில் பிதுங்கிவிடும். வளைவில் மட்டும் சால்டர் செய்யுங்கள். நேர்ப்பாதையில் மீட்டருக்கு ஒரு இணைப்பில் அரை மி.மீ. இடைவெளி விடுங்கள்.

பெரிய குற்றவாளி பெரும்பாலும் அடிப்பலகைதான். மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை கடற்கரைக் காற்றின் ஈரத்தைக் குடித்து உப்பும், பிறகு காயும். 12 மி.மீ. மரைன் பிளைவுட் வாங்கி, மேலும் கீழும் விளிம்புகளிலும் வார்னிஷ் அடித்து மூடுங்கள். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் பலகை கிண்ணம் போல் குழியும். கால்கள் சுவரைத் தொடாமல் இருக்கட்டும். கரையானுக்கு ஏணி வேண்டாம்.

கே: கன்ட்ரோலருக்கு அருகில் வேகமாக ஓடும் எஞ்சின் மறுகோடியில் சோர்ந்துபோகிறது. பாயிண்டுகளில் நின்றே விடுகிறது. தண்டவாளத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தும் பயனில்லை.
– வாசகர், மதுரை

ப: உப்புத்தாளை முதலில் கீழே வையுங்கள். அது போடும் நுண்ணிய கீறல்களில்தான் கறுப்பு அழுக்கு சீக்கிரம் சேரும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பருத்தித் துணி போதும். எஞ்சின் சக்கரங்களையும் அதே துணியால் துடையுங்கள்.

மறுகோடியில் சோர்வது வயரிங் குறை. தண்டவாளங்களைக் கோக்கும் சிறு தகடுகளை நம்பி மின்சாரத்தை அனுப்பாதீர்கள். ஒவ்வொரு இணைப்பிலும் கொஞ்சம் இழப்பு. பலகைக்கு அடியில் வீட்டு வயரிங்குக்கு வாங்கும் 1.5 சதுர மி.மீ. வயரை இரண்டு நிறத்தில் முழு நீளத்துக்கும் ஓட்டுங்கள். அதிலிருந்து மீட்டருக்கு ஒரு ஜோடி மெல்லிய வயரை மேலே கொண்டுவந்து தண்டவாளத்தின் வெளிப்பக்கத்தில் சால்டர் செய்யுங்கள். சால்டர் பிடிக்கத் தடவும் பசைக்கு ரோசின் ஃபிளக்ஸ் போதும், ஆசிட் வகை பின்னால் அரிக்கும். இரு முனைக்கும் முன்பே ஈயம் பூசிவிட்டு, இரண்டு மூன்று விநாடிக்குள் எடுத்துவிடுங்கள்; இருபுறமும் ஈரப் பஞ்சு வைத்தால் பிளாஸ்டிக் ஸ்லீப்பர் உருகாது.

பாயிண்டில் நிற்பதற்குக் காரணம் தண்டவாளங்கள் குறுக்கிடும் 'ஃபிராக்' என்ற பகுதி. அது பிளாஸ்டிக்காக இருந்தால் குட்டி எஞ்சினுக்கு அந்த நொடியில் மின்சாரம் கிடைக்காது. உலோக ஃபிராக் உள்ள பாயிண்டாக மாற்றி, அதன் வயரைப் பாயிண்ட் மோட்டாரோடு வரும் சுவிட்சில் இணையுங்கள். டிசிசி முறையில் (தண்டவாளம் வழியே எஞ்சினுக்கு டிஜிட்டல் கட்டளை அனுப்பும் முறை) ஓட்டுவோர் வேலை முடிந்ததும் ஒரு நாணயத்தைத் தண்டவாளங்களின் குறுக்கே வைத்து லேஅவுட் முழுக்கச் சோதிக்க வேண்டும். எங்கே வைத்தாலும் கட்டுப்பாட்டுப் பெட்டி உடனே மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். துண்டிக்காத இடத்தில் வயர் போதவில்லை. ஒருநாள் எஞ்சின் புரண்டால் அங்கேதான் சக்கரம் உருகும்.

கே: போன ரயில் அதே பாதையில் திரும்பி வரும்படி ஒரு வளையம் போட்டேன். பாதை இணைந்தவுடன் ஷார்ட் ஆகிறது.
– வாசகி, புதுச்சேரி

ப: ஆகத்தான் செய்யும். வளையம் சுற்றி வரும்போது இடது தண்டவாளம் வலது தண்டவாளத்தோடு சேர்ந்துகொள்கிறது. வளையத்தின் இரு முனைகளிலும், இரண்டு தண்டவாளங்களிலும், பிளாஸ்டிக் இணைப்பான் போட்டுத் துண்டியுங்கள். துண்டித்த பகுதி உங்கள் மிக நீளமான ரயிலைவிட நீளமாக இருக்கட்டும். டிசிசி என்றால் துருவத்தைத் தானே மாற்றும் ஆட்டோ ரிவர்சர் ஒன்று போதும். சாதாரண டி.சி. என்றால் வளையத்துக்குள் ரயிலை நிறுத்தி, இருவழி சுவிட்சால் வெளிப்பாதையின் துருவத்தை மாற்றிவிட்டு ஓட்ட வேண்டும்.

கே: மாடல் பாதையில் ஜல்லிக்குப் பதிலாகக் கடல் மணல் போடலாமா?
– வாசகர், நாகர்கோவில்

ப: வேண்டாம். உங்கள் பக்கத்துக் கடற்கரை மணலில் இல்மனைட் போன்ற கருந்தாதுக்கள் கலந்திருக்கின்றன. காந்தத்தில் ஒட்டும் துகள் மோட்டாருக்குள் புகுந்தால் அதோடு சரி. எந்த மணலானாலும் கழுவி, காயவைத்து, சலித்து, காந்தத்தைப் பலமுறை ஓட்டி எடுங்கள். ஒட்டுவதற்கு ஃபெவிகாலும் தண்ணீரும் சரிபாதி, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு. முதலில் தண்ணீரைத் தெளித்து நனைத்துவிட்டு, பிறகு சொட்டுச் சொட்டாக விடுங்கள். பாயிண்டின் நகரும் நாக்குகளுக்கு அருகே மட்டும் கைவைக்காதீர்கள்.

கே: ஊட்டி ரயிலை மாடலாகச் செய்ய ஆசை. எங்கே தொடங்குவது?
– வாசகி, உடுமலை

ப: நல்ல ஆசை, அளவில்தான் கவனம் வேண்டும். ஊட்டி ரயில் ஓடும் மீட்டர்கேஜ் பாதை ஹெச்.ஓ. அளவில் 11.5 மி.மீ. வரும், கடையில் கிடைக்கும் 12 மி.மீ. பாதை அதற்குப் பொருந்தும். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரை 46 கி.மீ. அதை 87ஆல் வகுத்தாலும் அரை கிலோமீட்டரைத் தாண்டுகிறது. ஆகவே முழுப் பாதையை நினைக்காமல் ஒரு துண்டை எடுங்கள். எஞ்சின் தண்ணீர் பிடிக்க நிற்கும் ஹில்குரோவ் நிலையம் அழகான தேர்வு.

கல்லாறு முதல் குன்னூர் வரை ஏற்றம் 12.28க்கு 1. உங்கள் மேசையில் அது ஒரு மீட்டருக்கு 81 மி.மீ. வழவழச் சக்கர மாடல் எஞ்சின் பெட்டிகளோடு இதில் ஏறாது. அசல் பாதையில் நடுவே இருப்பது ஆப்ட் முறைப் பல்தண்டவாளம். ஹெச்.ஓ. மீட்டர்கேஜுக்கு சுவிஸ் மலைப்பாதைகளை ஒட்டிச் செய்த பல்தண்டவாளமும் பல்சக்கர எஞ்சினும் கிடைக்கின்றன. எஞ்சினின் கீழ்ப்பகுதியை அப்படியே வைத்துக்கொண்டு மேலுடலை நீலகிரிப் பாதையின் எக்ஸ் வகுப்பு எஞ்சினாக நீங்கள் செய்துகொள்ளலாம். பல்தண்டவாளம் தொடங்கும் இடத்தில் ஏற்றத்தைத் திடீரென்று வைத்தால் பற்கள் மோதி எகிறும். சமதளத்திலேயே பற்கள் கவ்விவிட்டு, 30 செ.மீ. நீளத்துக்காவது மெல்ல மெல்ல ஏற்றம் கூடட்டும். எஞ்சின் எப்போதும் கீழ்ப்பக்கம் நின்று பெட்டிகளைத் தள்ளட்டும். நீலகிரியில் அப்படித்தான். மேசையிலும் அதுதான் பாதுகாப்பு. கப்ளிங் கழன்றாலும் பெட்டி உருண்டோடித் தரையில் விழாது.