‘டோண்ட் புஷ் யுவர் லக்’: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கூடுதலாக ஒரு நாள் விடுப்புக் கேட்டபோது, மேலதிகாரி ‘டோண்ட் புஷ் யுவர் லக்’ என்றார். அவர் என்னை ஊக்கப்படுத்தினாரா, எச்சரித்தாரா?

பதில்: எச்சரித்திருக்கிறார். இத்தொடரை ஆபத்தான செயல் எதைக் கண்டாலும் சொல்லிவிட முடியாது. கேட்பவருக்கு ஏற்கெனவே ஒரு நன்மை கிட்டியிருக்க வேண்டும், அல்லது ஒரு சிக்கலிலிருந்து அவர் தப்பித்திருக்க வேண்டும். அதன் பிறகும் அவர் மேலும் ஒரு படி முன்னே போகும்போதுதான் இந்தத் தொடர் பொருந்துகிறது. ‘உங்களுக்குக் கிடைத்ததே அதிகம், இதற்கு மேல் கேட்டால் கிடைத்ததும் போய்விடலாம்’ என்பதே அதன் உட்பொருள். முதலில் கேட்ட விடுப்பை அவர் தயக்கத்துடன் தந்திருப்பார் என்று ஊகிக்கிறேன்.

கேள்வி: ‘ட்ரை யுவர் லக்’ என்பதும் இதே பொருள்தானே?

பதில்: இல்லை. அது முதன்முறையாக முயன்று பார்க்கச் சொல்வது. அதில் கண்டிப்பு இல்லை.

கேள்வி: பெரியவர்களிடம் இத்தொடரைப் பயன்படுத்தலாமா?

பதில்: கட்டளையாகப் பயன்படுத்தக் கூடாது. அதிகாரம் உள்ளவர் மற்றவரிடமோ, நெருங்கிய நண்பர்கள் தங்களுக்குள்ளோ சொல்லிக்கொள்வது அது. ‘டோண்ட் புஷ் இட்’ என்ற சுருக்க வடிவம் இன்னும் கடுமையாக ஒலிக்கும். ஆனால் தன்னைப் பற்றிச் சொல்லும்போது இதே தொடர் பணிவாகிவிடுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ‘ஐ நோ ஐ’ம் புஷிங் மை லக்’ என்று தொடங்கி வேண்டுகோளை வைத்தால், ஏற்கெனவே பெற்ற உதவியை நீங்கள் மறக்கவில்லை என்று கேட்பவருக்குப் புரியும். அப்போது ‘யுவர்’ என்பது ‘மை’ ஆக மாறுவதைப் பாருங்கள். யாரைப் பற்றிப் பேசுகிறோமோ அவருக்கேற்ப அந்தச் சொல் மாறியாக வேண்டும்.

கேள்வி: தமிழில் இதற்கு இணையாக எதைச் சொல்வீர்கள்?

பதில்: ‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்று பலர் எழுதுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை, ஏனெனில் அது முதல் அடிக்கு முன்பே தரப்படும் எச்சரிக்கை. ‘பல நாள் திருடன் ஒரு நாள் அகப்படுவான்’ என்பது நெருங்கி வருகிறது, ஆயினும் அது குற்றம் செய்தவனைப் பற்றியது. மிகச் சரியாகப் பொருந்துவது, வலியறிதல் அதிகாரத்திலுள்ள 476ஆம் குறள்:

நுனிக்கொம்பர் ஏறினார் அஃதிறந் தூக்கின்
உயிர்க்கிறுதி ஆகி விடும்.

மரக்கிளையின் நுனிவரை ஏறியவர் வெற்றி பெற்றவர்தான். அந்த எல்லையையும் தாண்டி ஏற முயல்வதால்தான் உயிருக்கே இறுதி வருகிறது. ஆங்கிலத் தொடர் அதிர்ஷ்டத்தின் எல்லையைப் பேசுகிறது, குறளோ வலிமையின் எல்லையைப் பேசுகிறது என்ற வேறுபாட்டை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பகடைக்கு நினைவாற்றல் கிடையாது. அப்படியிருக்க, ஒருமுறை வென்றவரை எச்சரிப்பது மூடநம்பிக்கை அல்லவா?

பதில்: நல்ல கேள்வி. வென்றதாலேயே அடுத்த உருட்டலில் தோற்கும் வாய்ப்புக் கூடிவிடுவதில்லை என்பது உண்மை. ஆனால் இத்தொடர் சொல்லவருவது அதுவன்று. ஒவ்வொரு முறையும் 5 விழுக்காடு மட்டுமே ஆபத்துள்ள ஒரு செயலை 10 முறை செய்தால், ஒருமுறைகூடச் சிக்காமல் தப்புவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 60 விழுக்காடாகக் குறைகிறது. 20 முறை செய்தால் அது ஏறத்தாழ 36 விழுக்காடுதான். சில ஆட்டங்களில் ஆபத்து படிப்படியாக ஏறவும் செய்யும்: பிளாக்ஜாக் சீட்டாட்டத்தில் கூட்டுத்தொகை 21ஐத் தாண்டினால் தோல்வி என்பதால், கையில் 18 வைத்திருப்பவர் இன்னொரு சீட்டுக் கேட்பது, 12 வைத்திருப்பவர் கேட்பதைவிட மிகவும் ஆபத்தானது. இவற்றைவிட என்னைக் கவலைக்குள்ளாக்குவது மனித மனத்தின் போக்கு. சாலை வளைவில் எதிரே வருவது தெரியாமல் முந்திச் சென்று தப்பியவர், அதை அதிர்ஷ்டம் என்று எண்ணாமல் தன் திறமை என்று எண்ணத் தொடங்குகிறார். அந்த எண்ணம்தான் அவரை மறுமுறையும் முந்த வைக்கிறது.

கேள்வி: ‘பிரஸ் யுவர் லக்’ என்பதும் சரியா?

பதில்: சரியே; ‘புஷ்’ என்பதே மிகுதியாக வழங்குகிறது. அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 1983 முதல் 1986 வரை அந்தப் பெயரில் ஒரு பரிசுப் போட்டி நடந்தது. 1984இல் மைக்கேல் லார்சன் என்பவர் அதில் 1,10,237 டாலர் வென்றார். தற்செயலாக நகர்வதுபோல் தோன்றிய விளக்குகள் சில குறிப்பிட்ட வரிசைகளிலேயே நகர்ந்தன என்பதை அவர் முன்கூட்டியே கண்டறிந்து மனப்பாடம் செய்திருந்தார். ஆகவே தொடர்ந்து ஆடிய அவரைப் பார்த்து ‘டோண்ட் புஷ் யுவர் லக்’ என்று சொல்லியிருந்தால், அது பொருந்தாத எச்சரிக்கையாகவே இருந்திருக்கும்.

கேள்வி: இதற்குப் பதிலாக ‘ஸ்கேட்டிங் ஆன் தின் ஐஸ்’ எனலாமா?

பதில்: எல்லா இடத்திலும் முடியாது. அது ஆபத்தான நிலையில் இருப்பதை மட்டுமே குறிக்கிறது. முன்பு நன்மை கிட்டியிருக்க வேண்டிய தேவை அதற்கு இல்லை. பலமுறை தாமதமாக வந்து வேலையே போய்விடும் நிலையில் இருப்பவரை அப்படிச் சொல்லலாம். தாமதத்துக்கு ஒருமுறை மன்னிப்புப் பெற்றுவிட்டு, மறுவாரமே மீண்டும் தாமதமாக வருபவருக்குப் ‘புஷிங் ஹிஸ் லக்’ என்பதே பொருத்தம்.