தூரத்தில் நிற்கும் பழைய டிரெய்லரை வாங்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கோடை நெருங்கினால் போதும், இந்தக் கேள்விகள் மொத்தமாக வந்து சேரும். எல்லாம் அமெரிக்காவில் ஒரு மாநிலத்தில் உட்கார்ந்துகொண்டு வேறொரு மாநிலத்தில் நிற்கும் பழைய டிராவல் டிரெய்லரை, அதாவது காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகும் சின்ன வீட்டை, வாங்கத் துடிப்பவர்களிடமிருந்து வந்தவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

நான் டெக்சாஸில் இருக்கிறேன், டிரெய்லர் மிச்சிகனில். ஆறு வருடப் பழசு, படங்களில் புதுசு மாதிரி பளபளக்கிறது. படத்தை நம்பி முன்பணம் அனுப்பலாமா?

வேண்டாம். படத்தில் வாசனை தெரியாது, தரை அமுங்குவது தெரியாது, ஆனால் பழைய டிரெய்லரில் உங்கள் பணத்தைத் தின்னப்போவது அந்த இரண்டும்தான். அடுப்பு எரியவில்லையா, பம்ப் ஓடவில்லையா, வேறு வாங்கி மாட்டிவிடலாம். தண்ணீர் உள்ளே இறங்கி மரச்சட்டம் மக்கிப்போயிருந்தால் சுவரைப் பிரிக்க வேண்டும், அந்தச் செலவு சில சமயம் டிரெய்லரின் விலையையே தாண்டிவிடும். அதனால் பணத்தைப் பற்றி யோசிக்கும் முன்பு நேரடி வீடியோ அழைப்பு ஒன்று கேளுங்கள். பதிவு செய்து அனுப்பிய வீடியோ எனக்குப் போதாது, நீங்கள் சொல்லச் சொல்ல அவர் நடக்க வேண்டும்.

என்ன சொல்ல வேண்டும்? விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சை வெளிச்சுவரை ஒட்டினாற்போல் பக்கவாட்டில் அடிக்கச் சொல்லுங்கள். ஃபைபர்கிளாஸ் தோல் உள்ளே பிரிந்து உப்பியிருந்தால் அந்த வெளிச்சத்தில் அலை அலையாகத் தெரியும், பகல் வெளிச்சத்துப் படத்தில் தெரியவே தெரியாது. மேல் அலமாரிகளைத் திறந்து கூரையும் சுவரும் சேரும் மூலைகளைக் காட்டட்டும். கட்டிலுக்கு அடியில் முன்சுவர் மூலை, கழிப்பறையைச் சுற்றி, வாசற்படி ஓரம், இந்த இடங்களில் குதிகாலால் அழுத்தச் சொல்லுங்கள். ஸ்லைடு அவுட் (இடம் கூட வெளியே நீளும் சுவர்ப்பகுதி) இருந்தால் அதை முழுக்க வெளியே தள்ளி அதன் தரையின் வெளி ஓரத்தைக் கீழிருந்து காட்டச் சொல்லுங்கள். கூரை மேல் ஏற முடியாது என்றால் போனை ஒரு கம்பில் கட்டித் தூக்கட்டும். புகைப்போக்கி, காற்றுத்திறப்பு, ஆன்டெனா என்று கூரையில் எங்கெல்லாம் ஓட்டை போட்டிருக்கிறார்களோ அங்கெல்லாம் சீலன்ட் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். நேற்றுப் பூசியது போல வெள்ளையாக, புத்தம் புதிதாக ஒரே ஒரு இடத்தில் மட்டும் சீலன்ட் இருந்தால் அந்த இடத்துக்கு நேர் கீழே உள்ள உட்கூரையைக் காட்டச் சொல்லுங்கள். நல்ல விற்பனையாளர் இதற்கெல்லாம் அலுத்துக்கொள்வார், ஆனால் செய்வார். கெட்டவர் உங்களுக்கு முன்னால் இன்னொருவர் பணத்தோடு காத்திருப்பதாகச் சொல்வார்.

இதில் எல்லாம் சரியாக இருந்தால், அப்புறம் ஒரு ஆய்வாளரை அனுப்புங்கள். என்ஆர்விஐஏ என்ற தேசிய ஆர்வி (இப்படிப்பட்ட வீட்டு வண்டிகள்) ஆய்வாளர் சங்கத்தின் சான்று பெற்றவர்கள் பல மாநிலங்களில் இருக்கிறார்கள், அவர்கள் கிடைக்காத இடத்தில் வீட்டுக்கே வந்து பழுது பார்க்கும் ஆர்வி மெக்கானிக். விற்பவர் சிபாரிசு செய்யும் ஆள் மட்டும் வேண்டாம். ஈரப்பத மீட்டர் வைத்துப் பார்ப்பாரா, கூரையில் ஏறுவாரா, கேஸ் கசிவுச் சோதனை செய்வாரா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கேஸிலும் ஓடும் ஃபிரிட்ஜ் என்றால் குளிர்ச்சியாகப் பல மணி நேரம் எடுக்கும், ஆகவே முதல் நாளே போட்டு வைக்கும்படி விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். கட்டணம் சில நூறு டாலர் ஆகும், முழுச் சோதனை என்றால் இன்னும் மேலே போகும். கசக்கத்தான் செய்யும், பரவாயில்லை.

சந்தை விலையில் பாதிக்குக் கொடுக்கிறேன் என்கிறார். ராணுவத்தில் இருக்கிறாராம், வெளிநாடு போகிறாராம், டிரெய்லர் ஏற்கெனவே ஷிப்பிங் கம்பெனியின் கிடங்கில் இருக்கிறதாம். பணத்தை எஸ்க்ரோவில் (வியாபாரம் முடியும்வரை பணத்தை நடுவில் பிடித்துவைக்கும் மூன்றாம் ஆளிடம்) போட்டால் வீட்டு வாசலுக்கு வந்துவிடும் என்கிறார்...

டிரெய்லரே கிடையாது. படங்கள் வேறு யாரோ போட்ட பழைய விளம்பரத்திலிருந்து எடுத்தவை. ராணுவம், விவாகரத்து, இறந்துபோன கணவர் என்று கதைதான் மாறும். இபேயின் வாகனப் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது என்று ஒரு மின்னஞ்சல் வரும். அந்தத் திட்டம் அவர்கள் தளத்திலேயே முடியும் வியாபாரத்துக்கு மட்டும்தான், வெளியே நடக்கும் வியாபாரத்துக்கு அவர்கள் இன்வாய்ஸ் அனுப்ப மாட்டார்கள். போலி எஸ்க்ரோ தளங்களும் ஏராளம், அசலைப் போலவே இருக்கும். இவரிடம் உங்கள் ஓட்டுநர் உரிமத்தின் படத்தை அனுப்பியிருந்தால் அதை வைத்து அடுத்த ஆளை ஏமாற்றுவார்கள், அதையும் மனத்தில் வையுங்கள்.

டிரெய்லர் மேல் இன்னும் வங்கிக் கடன் இருக்கிறது என்று விற்பவரே சொல்கிறார். நேர்மையான ஆளாகத்தான் தெரிகிறார். எப்படிப் பணம் கொடுப்பது?

சொன்னதே நல்ல அறிகுறி. ஆனால் அவர் கையில் முழுப் பணத்தையும் கொடுத்து, கடனை அடைத்துவிட்டு டைட்டிலை (உரிமைப் பத்திரத்தை) அனுப்புங்கள் என்று விடாதீர்கள். நல்ல மனிதருக்கும் அவசரச் செலவு வரும். கடன் கொடுத்த வங்கியின் எண்ணை நீங்களே தேடி எடுத்து, விற்பவரையும் இணைப்பில் வைத்துக்கொண்டு பேசுங்கள். எந்தத் தேதி வரைக்கும் எவ்வளவு கட்டினால் கடன் தீரும் என்று எழுத்தில் வாங்குங்கள். அந்தத் தொகை வங்கிக்கு நேராகப் போகட்டும், மீதி மட்டும் விற்பவருக்கு. அந்த வங்கிக்கு அவர் ஊரிலேயே கிளை இருந்தால் இருவரும் கிளையில் உட்கார்ந்தே முடித்துவிடலாம், அதைவிட நிம்மதி வேறில்லை. கடன் தீர்ந்த பிறகும் டைட்டில் காகிதம் கைக்கு வரச் சில வாரங்கள் ஆகலாம், சில மாநிலங்களில் அது மின்னணுப் பதிவாகவே இருக்கும். அதுவரை விற்பவரின் பங்கில் ஒரு பகுதியை உரிமம் பெற்ற எஸ்க்ரோவில் நிறுத்தி வைக்கக் கேட்பதில் தவறில்லை. எஸ்க்ரோ முகவரியை நீங்களே தட்டச்சு செய்து போங்கள், அனுப்பிய லிங்கைத் தொடாதீர்கள்.

கடன் இல்லாத டைட்டில் என்றால் அதன் இரண்டு பக்கங்களையும் படமெடுத்து அனுப்பச் சொல்லி மூன்று விஷயம் பாருங்கள். டைட்டிலில் உள்ள பெயரும் விற்பவரின் ஓட்டுநர் உரிமத்தில் உள்ள பெயரும் ஒன்றா? இரண்டு பெயர் இருந்து நடுவே ‘ஆண்ட்’ என்று இருந்தால் பொதுவாக இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒஹையோ, பென்சில்வேனியா, வட கரோலினா போன்ற மாநிலங்களில் விற்பவர் நோட்டரி முன்னால் கையெழுத்திட வேண்டும், முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைத்திருந்தால் உங்கள் டிஎம்வியில் (வாகனப் பதிவு அலுவலகத்தில்) திருப்பி அனுப்புவார்கள். அப்புறம் வின் எண், அதாவது வண்டியின் அடையாள எண். டைட்டிலில் இருக்கும் 17 எழுத்தும் டிரெய்லரின் முன்பக்க ஓட்டுநர் பக்க ஸ்டிக்கரில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். பத்தாவது எழுத்து மாடல் வருடம்: ஜே என்றால் 2018, கே 2019, எல் 2020. 2020 மாடல் என்று விளம்பரம் சொல்லி வின்னில் ஜே இருந்தால் பேரம் அங்கிருந்தே தொடங்கட்டும். காப்பீட்டுக் குற்றங்களைக் கண்காணிக்கும் என்ஐசிபி அமைப்பின் இலவச வின் சோதனையில் திருட்டு, சால்வேஜ் (தேறாது என்று காப்பீட்டு நிறுவனம் கைவிட்ட) பதிவு இருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். அதில் ஒன்றும் வரவில்லை என்பதாலேயே டிரெய்லர் சுத்தம் என்று ஆகிவிடாது, காப்பீட்டுக்கே போகாத வெள்ளச் சேதம் அங்கே பதிவாகாது.

டைட்டிலே இல்லை, பில் ஆஃப் சேல் (விற்பனைச் சீட்டு) மட்டும் தருவேன் என்கிறார் ஒருவர்.

எந்த மாநிலம் என்பதைப் பொறுத்தது. மெய்ன் மாநிலத்தில் 3,000 பவுண்டும் அதற்குக் குறைவாகவும் உள்ள டிரெய்லருக்கு டைட்டில் கொடுப்பதே இல்லை, அங்கே அது சகஜம். அப்படிப்பட்ட வண்டிக்கு அவர் பெயரிலுள்ள பதிவுச் சான்றைக் கேளுங்கள், உங்கள் டிஎம்வியிடம் இந்தக் காகிதங்கள் போதுமா என்று வாங்குவதற்கு முன்பே கேளுங்கள். டைட்டில் கொடுக்கும் மாநிலத்தில் ‘தொலைந்துவிட்டது’ என்றால் அவரே நகல் டைட்டில் வாங்கித் தரட்டும், அவரால் முடியும் என்றால் அது சின்ன வேலை. முடியாது என்றால் ஏன் என்று யோசியுங்கள்.

மொன்டானாவில் வாங்கினால் விற்பனை வரி கிடையாதாமே?

அங்கே கிடையாது. ஆனால் உங்கள் மாநிலத்தில் பதிவு செய்யும்போது வெளியே வாங்கி வந்ததற்கான யூஸ் டாக்ஸ் என்று ஒரு வரியைப் பொதுவாகக் கேட்பார்கள். அதைக் கணக்கில் சேர்த்தே விலை பேசுங்கள்.

என் எஸ்யுவி 7,000 பவுண்டு இழுக்கும் என்கிறது கையேடு. டிரெய்லரின் டிரை வெயிட் 5,200தான். தாராளமாக இழுக்கலாம் இல்லையா?

இதில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள், அதுவும் தூரத்திலிருந்து வாங்குபவர்கள், ஏனென்றால் இழுத்துப் பார்க்காமலேயே பணம் கட்டிவிடுகிறார்கள். டிரை வெயிட் என்பது தண்ணீர், துணிமணி, பாத்திரம் எதுவும் இல்லாத வெற்று எடை. பல சமயம் பேட்டரி கூட அதில் இருக்காது. ஒரு கேலன் தண்ணீர் 8.3 பவுண்டு, 40 கேலன் தொட்டி நிறைந்தால் அது மட்டுமே 330 பவுண்டுக்கு மேல். எல்லாம் ஏற்றினால் உங்கள் டிரெய்லர் 6,300, 6,500 என்று போய் நிற்கும். ஆகவே கணக்கை டிரை வெயிட்டில் போடாமல் டிரெய்லர் ஸ்டிக்கரில் உள்ள ஜிவிடபிள்யூஆர் எண்ணில், அதாவது எல்லாம் ஏற்றிய பிறகு அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச எடையில், போடுங்கள்.

அது முதல் பாதி. உங்களை நிறுத்தப்போவது பெரும்பாலும் இரண்டாவது பாதி. டிரெய்லரின் எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் (டிரெய்லரை வண்டியோடு இணைக்கும் கொக்கி) மேல் உட்கார வேண்டும், குறைந்தால் நெடுஞ்சாலையில் வால் ஆட ஆரம்பிக்கும். 6,500 பவுண்டில் அது 650 முதல் 975. இந்தப் பாரம் உங்கள் வண்டியின் சுமையில் சேரும். ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒரு மஞ்சள் வெள்ளை ஸ்டிக்கர் இருக்கிறதே, ஆட்களும் பொருட்களும் சேர்ந்து இவ்வளவுக்கு மேல் கூடாது என்று. அதில் 1,300 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஹிட்ச் பாரம் 800, எடை பகிரும் ஹிட்சின் சொந்த எடை ஒரு 80 அல்லது 100. மிச்சம் 400 பவுண்டு. அதற்குள் குடும்பமும் பெட்டிகளும் அடங்குமா? பெரும்பாலான குடும்பங்களுக்கு அடங்காது. இன்னும் சின்ன டிரெய்லராகப் பாருங்கள் என்று சொன்னால் எனக்குக் கோபக்காரக் கடிதங்கள்தான் வரும், ஆனாலும் சொல்கிறேன்.

குளிர்காலம், தண்ணீர்க் குழாய்களை வின்டரைஸ் செய்துவிட்டேன் (குளிரில் உறையாதபடி தண்ணீரை எடுத்துவிட்டேன்), சோதிக்க முடியாது என்கிறார்.

உண்மையாகவே இருக்கலாம். ஆய்வாளரால் குழாய்களில் காற்றை ஏற்றி அழுத்தம் நிற்கிறதா என்று பார்க்க முடியும், விரிசல் இருந்தால் மீட்டர் முள் இறங்கும். அதற்கும் சம்மதிக்கவில்லை என்றால் ஒரு தொகையைப் பிடித்துவைத்து வசந்தத்தில் தருவதாக எழுதிக்கொள்ளுங்கள், அல்லது வசந்தம் வரைக்கும் காத்திருங்கள். பிப்ரவரியில் ஆள் இல்லாமல் நிற்கும் டிரெய்லர் ஏப்ரலிலும் பெரும்பாலும் அங்கேயேதான் நிற்கும்.

எழுபதுகளின் ஏர்ஸ்ட்ரீம் அலுமினிய டிரெய்லர் ஒன்று ஒரேகனில் கிடைக்கிறது. அலுமினியம் துருப்பிடிக்காது, அதனால் பயமில்லை என்கிறார் மனைவி. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

வீட்டுச் சண்டையில் நான் தலையிடுவதில்லை, ஆனால் அலுமினியத்துக்குக் கீழே இருப்பது ஒட்டுப்பலகைத் தரையும் இரும்புச் சட்டமும். பின்பக்கம் தண்ணீர் இறங்கி அந்தப் பலகை மக்கினால் மேல்கூடு சட்டத்திலிருந்து விலகிவிடும், அந்தக் காலத்து ஏர்ஸ்ட்ரீம்களில் இது எல்லோருக்கும் தெரிந்த நோய். சோதிப்பது எளிது: ஒருவர் பின் பம்பர் மேல் ஏறி நின்று குதிக்கட்டும், இன்னொருவர் பம்பருக்கும் கூட்டுக்கும் இடையில் கேமராவை வைக்கட்டும். சட்டம் மட்டும் ஆடி, கூடு ஆடாமல் நின்றால் அங்கே பிரிவு இருக்கிறது. அச்சையும் பாருங்கள், அதில் ஸ்பிரிங் இல்லை, குழாய்க்குள் ரப்பர்தான். பல பத்தாண்டுகளில் ரப்பர் இறுகிப்போகும், அதைச் சரிசெய்ய வழியில்லை, முழு அச்சையே மாற்ற வேண்டும். இது எல்லாம் தெரிந்து, அதற்கேற்ற விலையில் ஆசையாக வாங்கினால் அழகான வண்டி.

பழசு வேண்டும், ஆனால் இவ்வளவு வேலை வேண்டாம் என்றால் ஸ்கேம்ப், கசீட்டா மாதிரி இரண்டு துண்டாக வார்த்த ஃபைபர்கிளாஸ் டிரெய்லர்களைப் பாருங்கள். இணைப்புகள் குறைவு, ஒழுகும் இடமும் குறைவு. விலை மட்டும் இறங்கவே இறங்காது.

வாங்கிவிட்டேன்! நானே போய் இழுத்து வரலாமா, டிரக்கில் போட்டு அனுப்பச் சொல்லலாமா?

வாழ்த்துகள். ஆள் வைத்தால் அவருடைய யுஎஸ்டாட் எண்ணை (போக்குவரத்துத் துறை தரும் பதிவு எண்) சரக்கு வண்டிகளைக் கண்காணிக்கும் எஃப்எம்சிஎஸ்ஏ தளத்தில் போட்டுப் பாருங்கள், உரிமமும் காப்பீடும் நடப்பில் இருக்கின்றனவா என்று தெரிந்துவிடும். பேசுவது ஓட்டுநரா, நடுவில் இருக்கும் புரோக்கரா என்பதையும் கேளுங்கள்.

நீங்களே போனால் முதல் கவலை டயர். பக்கவாட்டில் டாட் (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் வருடமும், 2317 என்றால் 2017ஆம் வருடத்தின் 23ஆவது வாரம். பட்டன் நன்றாக இருந்தாலும் வெயிலில் நின்ற டிரெய்லர் டயர் ஐந்தாறு வருடம் தாண்டினால் நான் நம்ப மாட்டேன், அந்த ஊரிலேயே நான்கையும் மாற்றிவிட்டுக் கிளம்புங்கள். வேக மதிப்பீடு இல்லாத டிரெய்லர் டயர் மணிக்கு 65 மைலுக்கு மேல் போவதற்கு இல்லை. ஹிட்ச் பந்து 2 அங்குலமா, 2 5/16 அங்குலமா என்று வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே கேளுங்கள், டிரெய்லரின் பிரேக்கை வண்டியிலிருந்து இயக்கும் பிரேக் கன்ட்ரோலரையும் வீட்டிலேயே மாட்டிவிடுங்கள். தற்காலிக நம்பர் பிளேட்டும் காப்பீடும் கையில் இருக்க வேண்டும். சக்கரம் கழற்றி மாட்டியிருந்தால் முதல் 50 மைலுக்குள் நட்டுகளை மறுபடி முறுக்கிப் பாருங்கள், பெட்ரோல் போட நிற்கும்போதெல்லாம் ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றதைவிட அதிகமாகக் கொதித்தால் அங்கேயே நில்லுங்கள்.

வீட்டுக்கு வந்துவிட்டது. முப்பது ஆம்ப் பிளக் இருக்கிறது, கராஜில் துணி டிரையர் சாக்கெட்டும் முப்பது ஆம்ப். அதில் செருகலாமா?

கூடவே கூடாது. டிரெய்லரின் முப்பது ஆம்ப் 120 வோல்ட், டிரையர் சாக்கெட் 240. பார்க்க ஏறக்குறைய ஒன்று போலவே இருப்பதால் அடாப்டர் செய்து மாட்டி கன்வெர்ட்டர், மைக்ரோவேவ், ஏசி எல்லாவற்றையும் ஒரே நொடியில் எரித்தவர்கள் உண்டு. புதிதாக சாக்கெட் வைக்க எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால் அவரிடமும் டிரெய்லருக்கு, 120 வோல்ட் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், முப்பது ஆம்ப் என்றதும் பழக்கதோஷத்தில் டிரையர் இணைப்பைப் போட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். அதுவரை சாதாரண வீட்டு சாக்கெட்டில் அடாப்டர் போட்டு பேட்டரியை சார்ஜ் செய்யலாம், ஃபிரிட்ஜை ஓட்டலாம். ஏசி வேண்டாம்.