பத்து எம்பிபிஎஸ் திட்டத்தில் நாலுதான் வருகிறது: என்ன செய்யலாம்?

மன்னார்குடிக்கு வெளியே வசிக்கும் ஒரு ஆசிரியையின் கேள்வி இது:

"லேண்ட்லைனோடு சேர்ந்த பழைய பிராட்பேண்ட் வைத்திருக்கிறோம். '10 எம்பிபிஎஸ் வரை' என்ற திட்டம், மாதம் 399 ரூபாய். ஸ்பீடு டெஸ்ட் போட்டால் 4.2, 4.3-ஐத் தாண்டியதே இல்லை. மாலையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். 'மிஸ், உங்க குரல் விட்டு விட்டுக் கேக்குது' என்கிறார்கள். மழை பெய்தால் இணைப்பே போய்விடுகிறது. பெரிய திட்டத்துக்கு மாறினால் சரியாகுமா? எங்கள் ஊர் கேபிள்காரர் 499 ரூபாய்க்கு 30 எம்பிபிஎஸ் ஃபைபர் தருகிறேன் என்கிறார். மாறலாமா?"

கேள்வியோடு மோடத்தின் ஸ்டேட்டஸ் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். அதனால் ஊகிக்க வேண்டிய வேலை எனக்குக் குறைந்தது. அதில் உள்ள எண்கள்: டவுன்ஸ்ட்ரீம் (டவுன்லோடு பக்கம்) 5120 கேபிபிஎஸ், அப்ஸ்ட்ரீம் (அப்லோடு பக்கம்) 640 கேபிபிஎஸ், லைன் அட்டென்யுவேஷன் 44 டிபி, எஸ்என்ஆர் மார்ஜின் 7 டிபி. ஆயிரம் கேபிபிஎஸ் ஒரு எம்பிபிஎஸ்; டிபி என்பது டெசிபல். மற்றவற்றைப் போகப் போகச் சொல்கிறேன்.

முதலில் பெரிய திட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வேண்டாம், மாறாதீர்கள். உங்கள் மோடமும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருக்கும் கருவியும் பேசிப் பார்த்து, இந்தக் கம்பியில் இவ்வளவுதான் போகும் என்று முடிவு செய்த வேகம் அந்த 5120. திட்டத்தில் போட்டிருக்கும் 10 எம்பிபிஎஸ் ஒரு உச்சவரம்பு மட்டுமே. வரம்பை 20 ஆக உயர்த்தினாலும் கம்பி அதே கம்பிதான், அதே 5120-தான் வரும். கூடுவது பில் மட்டும். கஸ்டமர் கேரில் "மேடம், பிளானை அப்கிரேடு பண்ணிக்கோங்க" என்று சொன்னால், உங்கள் லைன் எவ்வளவு வேகம் தாங்கும் என்று திருப்பிக் கேளுங்கள். அதற்கு எண்ணாகப் பதில் வராதவரை பணம் கட்டாதீர்கள்.

அப்படியானால் 5.1 எம்பிபிஎஸ் வர வேண்டிய இடத்தில் ஏன் 4.3? இதில் யாரும் உங்களை ஏமாற்றவில்லை. உங்களுடையது போல ஃபோன் கம்பியிலேயே இணையமும் வரும் இணைப்புக்கு ஏடிஎஸ்எல் என்று பெயர். ஏடிஎஸ்எல் லைனில் தகவல் 53 பைட் கொண்ட சின்னச் சின்னப் பொட்டலங்களாகப் போகிறது. ஒவ்வொன்றிலும் 5 பைட் முகவரிக்கே போய்விடும். அதற்கு மேல் லாகின் முறைக்கும் மற்ற தலைப்புகளுக்கும் கொஞ்சம் கழியும். மொத்தத்தில் நூற்றுக்கு 14, 15 கழிந்து மிச்சம்தான் உங்கள் கைக்கு வருகிறது. 5120-இல் அதைக் கழித்தால் கிட்டத்தட்ட 4.4. ஸ்பீடு டெஸ்டில் பார்ப்பது இதைத்தான். எல்லா ஏடிஎஸ்எல் வீடுகளுக்கும் இதே கணக்கு பொருந்தும்: மோடம் காட்டும் வேகத்தில் 85 சதவீதம் வந்தால் லைன் ஒழுங்காக ஓடுகிறது என்று அர்த்தம். அதைவிட வெகுவாகக் குறைந்தால் வைஃபை, மாலை நேர நெரிசல், திட்டத்தின் டேட்டா அளவு தீர்ந்துபோனது என்று வேறு காரணம் தேட வேண்டும். டெஸ்ட் போடும்போது ஃபோனில் போடாமல், லேப்டாப்பை லேன் கேபிளில் மோடத்தோடு நேராக இணைத்துப் போடுங்கள். இரண்டு சுவர் தாண்டி வரும் வைஃபையைச் சோதித்துவிட்டு லைனைக் குறை சொல்லும் வீடுகள் நிறைய.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். இணைய வேகம் மெகாபிட்டில் சொல்லப்படுகிறது, கோப்பின் அளவு மெகாபைட்டில். ஒரு பைட்டுக்கு எட்டு பிட். 4.3 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு அரை மெகாபைட்டுக்குச் சற்று மேல். 1 ஜிபி கோப்பு இறங்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆவது இயல்புதான்.

சரி, கம்பி ஏன் ஐந்தோடு நிற்கிறது? தூரம்தான் காரணம். குரல் போவதற்கு 4 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசை போதும், அதற்காகப் போட்ட கம்பி இது. 1999-இல் வந்த ஏடிஎஸ்எல் அதே கம்பியில் 1.1 மெகாஹெர்ட்ஸ் வரையும், 2003-இல் வந்த ஏடிஎஸ்எல்2 பிளஸ் 2.2 மெகாஹெர்ட்ஸ் வரையும் பயன்படுத்துகின்றன. அலைவரிசை உயர உயர, செப்புக் கம்பியில் சிக்னல் வேகமாகத் தேய்கிறது. அந்தத் தேய்மானம்தான் உங்கள் மோடத்தில் அட்டென்யுவேஷன் என்று தெரிகிற 44 டிபி. அரை மில்லிமீட்டர் கனமுள்ள கம்பியில் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 14 டிபி தேயும். அப்படிப் பார்த்தால் எக்ஸ்சேஞ்சிலிருந்து உங்கள் வீட்டுக்குக் கம்பி வழியே மூன்று கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். சாலை வழியாக இரண்டுதானே என்று தோன்றலாம். கம்பி தெருத்தெருவாகச் சுற்றி, தெருவில் கம்பிகள் பிரியும் பெட்டிகள் எல்லாம் தாண்டித்தான் வருகிறது.

ஏடிஎஸ்எல்2 பிளஸ்ஸின் விளம்பர வேகம் 24 எம்பிபிஎஸ். அது எக்ஸ்சேஞ்சுக்கு ஒட்டினாற்போல் இருக்கும் வீடுகளுக்கு. ஒரு கிலோமீட்டரில் 20-ஐ ஒட்டி வரும். மூன்றில் 6, 7, 8 என்று இறங்கும். ஐந்தில் ஒன்றோ இரண்டோ. எக்ஸ்சேஞ்சுக்கு எதிர்வீட்டுக்காரர் இதே 399-க்கு முழுப் பத்தும் வாங்குவார், நீங்கள் அதே பணத்துக்குப் பாதி வாங்குகிறீர்கள். விலை திட்டத்துக்கு, வேகம் தூரத்துக்கு என்று இருக்கும் இந்த முறை நியாயமற்றது என்றே நான் நினைக்கிறேன். புதிதாக இணைப்பு கொடுக்கும்போதே உங்கள் வீட்டில் எவ்வளவு வரும் என்று நிறுவனம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

44 டிபிக்கு 6, 7 எம்பிபிஎஸ் எதிர்பார்க்கலாம். உங்களுக்கு 5 வருகிறது, மார்ஜினும் 7-தான். மார்ஜின் என்பது சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் நடுவே இருக்கும் பாதுகாப்பு இடைவெளி. ஆறுக்குக் கீழே போனால் லைன் அடிக்கடி அறுந்து மறுபடி இணையும். ஏழில் இருக்கும் லைனுக்கு ஒரு தூறல் போதும். மழை பெய்தால் போய்விடுகிறது என்ற உங்கள் புகாரும் இதோடு ஒத்துப்போகிறது. எங்கோ ஒரு ஜாயின்ட்டில் தண்ணீர் இறங்குகிறது, அல்லது செம்பு பச்சை பூத்திருக்கிறது.

லைன்மேனைக் கூப்பிடுவதற்கு முன் வீட்டுக்குள்ளேயே ஒரு சோதனை செய்யுங்கள். வெளியிலிருந்து வரும் கம்பி முதலில் வந்து சேரும் இடத்தில் சின்ன வெள்ளைப் பெட்டி இருக்கும், ரோசெட் என்பார்கள். வீட்டில் உள்ள எல்லா ஃபோன்களையும், மாடிக்கோ ஹாலுக்கோ இழுத்த எக்ஸ்டென்ஷன் வயரையும் கழற்றிவிடுங்கள். மோடத்தை மட்டும் சின்ன வயரில் அந்த ரோசெட்டில் நேராகச் செருகி, ஐந்து நிமிடம் விட்டு, ஸ்டேட்டஸ் பக்கத்தைப் பாருங்கள். பெரும்பாலான மோடங்களில் பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்தால் அந்தப் பக்கம் வரும். மார்ஜின் 7-இலிருந்து 10, 11 என்று ஏறினால், அல்லது டவுன்ஸ்ட்ரீம் வேகம் 5120-ஐ நன்றாகத் தாண்டினால் குற்றம் உங்கள் வீட்டு வயரிங்கில். ஸ்ப்ளிட்டர் (குரலையும் இணையத்தையும் பிரிக்கும் சின்னப் பெட்டி) இல்லாமல் பேரலலாக ஒரு ஃபோனை மாட்டியிருப்பது, பத்து மீட்டருக்குச் சாதாரணத் தட்டை வயரை ஓடவிட்டிருப்பது, எதுவும் மாட்டாத எக்ஸ்டென்ஷன் வயர் சுவரோரம் தொங்குவது எல்லாமே சிக்னலைத் தின்னும். அந்தத் தொங்கும் வயரை வெட்டி எடுத்ததும் ஒரு எம்பிபிஎஸ் கூடிய வீடுகள் உண்டு. செலவு ஒன்றுமில்லை.

எதுவும் மாறவில்லை என்றால் குற்றம் வெளியே. அப்போது ஃபோன் ரிசீவரை எடுத்து ஏதாவது ஒரு எண்ணை அழுத்துங்கள், டயல் டோன் நின்றுவிடும். அந்த அமைதியில் கரகரவென்று சத்தம் கேட்டால் லைனில் பழுது. புகார் கொடுக்கும்போது "நெட் ஸ்லோ" என்று சொன்னால் மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கள் என்பதோடு முடித்துவிடுவார்கள். "ஃபோனில் இரைச்சல் இருக்கிறது, மார்ஜின் 7 டிபி, மழைக்கு லைன் அறுகிறது" என்று சொல்லுங்கள். வருபவரிடம் தெருவில் உங்கள் கம்பி பிரியும் பெட்டியில் (அதையும் 'டிபி' என்பார்கள், டெசிபல் இல்லை) உள்ள ஜாயின்ட்டைப் பிரித்துப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் கேபிளில் வேறு ஜோடிக் கம்பிக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். ஜோடி மாற்றுவது அவர்களுக்குப் பெரிய வேலையில்லை.

இதையெல்லாம் செய்தால் 4.3 என்பது 5.5, 6 வரை போகலாம், மழைக்கும் தாங்கும். ஆனால் டியூஷனில் உங்கள் குரல் விட்டு விட்டுக் கேட்பது இதனால் தீராது. ஏனென்றால் நீங்கள் கவலைப்படுவது டவுன்லோடைப் பற்றி, உங்கள் சிக்கல் இருப்பது அப்லோடில். பாடம் கேட்கும் பிள்ளைக்கு டவுன்லோடு வேண்டும். பாடம் எடுக்கும் உங்களுக்கு அப்லோடு வேண்டும். உங்கள் அப்ஸ்ட்ரீம் 640 கேபிபிஎஸ், கழிவு போக 550 சொச்சம். ஜூமில் ஒருவருக்கொருவர் பேசும் நல்ல வீடியோவுக்கே 600 கேபிபிஎஸ் வேண்டும். பலர் சேரும் வகுப்பில் 1 எம்பிபிஎஸ் கேட்கும். லைனை எவ்வளவு பழுது பார்த்தாலும் இது பெரிதாக ஏறாது. ஏடிஎஸ்எல் தரத்திலேயே அப்லோடுக்கு ஒதுக்கியது ஒரு குறுகிய பட்டைதான், 25-இலிருந்து 138 கிலோஹெர்ட்ஸ் வரை. அதில் 1 எம்பிபிஎஸ் சுற்றியே உச்சம். வீட்டில் இணையம் என்றால் பக்கம் பார்ப்பது, பாட்டு இறக்குவது என்று இருந்த காலத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

அந்த 550-ஐயும் வேறு யாரோ தின்றுகொண்டிருக்கலாம். வீட்டில் யாருடைய ஃபோனாவது வைஃபையில் இருந்தபடி, எடுத்த படங்களையும் வீடியோக்களையும் தானாக பேக்கப் செய்துகொண்டிருக்கும். 100 எம்பி வீடியோ ஒன்று உங்கள் லைனில் மேலேற இருபத்தைந்து நிமிடம். அந்த நேரம் முழுக்க அப்லோடு வரிசையில் உங்கள் குரல் பின்னால் நிற்கும். டவுன்லோடுகூட மந்தமாகும், ஏனென்றால் "வந்து சேர்ந்தது" என்ற பதிலும் அதே வரிசையில்தான் போக வேண்டும். இன்றைக்கே எல்லா ஃபோன்களிலும் பேக்கப்பை இரவுக்கு மாற்றுங்கள், அல்லது நிறுத்திவையுங்கள். வகுப்பில் ஹெச்டி வீடியோவை அணைத்துவிடுங்கள். கணக்குப் பாடம்தானே, முகத்தைவிட பலகை முக்கியம். கேமராவை நிறுத்திவிட்டு ஸ்க்ரீன் ஷேரில் எழுதிக் காட்டினால், திரைக்கும் குரலுக்கும் சேர்த்து 150 கேபிபிஎஸ்ஸில் வகுப்பு ஓடிவிடும். பணம் செலவில்லாமல் இன்று மாலையே குரல் தெளியும்.

இனி விலைக் கணக்கு. 399-உடன் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 471 ரூபாய். கையில் வருவது 4.3, ஒரு எம்பிபிஎஸ்ஸுக்கு கிட்டத்தட்ட 110 ரூபாய். கேபிள்காரர் சொல்வது வரியோடு 589. முப்பதும் வந்தால் ஒரு எம்பிபிஎஸ் இருபது ரூபாய்க்கும் கீழே. அதைவிட முக்கியம், ஃபைபரில் தூரத்துக்காக வேகம் இறங்காது, பெரும்பாலான வீட்டுத் திட்டங்களில் அப்லோடும் டவுன்லோடை ஒட்டியே கிடைக்கும். மாதம் 118 ரூபாய் கூடுதல். சம்பாதிக்கும் டியூஷனுக்கு அது நியாயமான செலவு. மாறிவிடுங்கள் என்பதே என் பதில்.

படம் பார்க்க, செய்தி வாசிக்க, ரயில் டிக்கெட் போட மட்டும் இணையம் வைத்திருக்கும் வீடாக இருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். யூடியூப்பில் 720பி ஓட 2.5 எம்பிபிஎஸ் போதும், 1080பி-க்கு 5. இந்தியாவில் பிராட்பேண்ட் என்று சொல்லிக்கொள்ள அரசு வைத்திருக்கும் குறைந்தபட்ச வேகமே 2 எம்பிபிஎஸ், அதுவும் 2023 ஜனவரியில்தான் 512 கேபிபிஎஸ்ஸிலிருந்து உயர்ந்தது. ஓய்வுபெற்ற இருவர் உள்ள வீட்டுக்கு நிலையான 4 எம்பிபிஎஸ் மோசமில்லை. ஃபைபர் வராத தெருவில், மாலையானால் டவர் திணறும் இடத்தில், நாளுக்கு இவ்வளவு ஜிபி என்று எண்ண வேண்டாத ஒரு ஏடிஎஸ்எல் லைன் இன்னும் பயன்தான்.

கேபிள்காரரிடம் ஒப்புக்கொள்வதற்கு முன் சிலவற்றைக் கேளுங்கள். அப்லோடு வேகம் எவ்வளவு, மாதம் எத்தனை ஜிபிக்குப் பிறகு வேகம் குறையும், குறைந்தால் எவ்வளவு, வீட்டில் வைக்கும் பெட்டிக்கு டெபாசிட் உண்டா, கேபிள் அறுந்தால் யார் வந்து ஒட்டுவார், எத்தனை நாளில். கடைசிக் கேள்விக்கு அவர் சொல்வதை மட்டும் நம்பாமல், அதே தெருவில் ஏற்கெனவே வைத்திருக்கும் இரண்டு வீட்டில் விசாரியுங்கள். மின்கம்பம் வழியாகத் தொங்கிவரும் ஃபைபர் ஒரு காற்றுக்கு அறுந்து நாலு நாள் கிடந்தால் 30 எம்பிபிஎஸ்ஸால் என்ன பயன்?

மின்வெட்டையும் யோசிக்க வேண்டும். செப்புக் கம்பி லேண்ட்லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வருவதால் கரண்ட் போனாலும் ஃபோன் பேசும். ஃபைபரில் வீட்டுப் பெட்டிக்குக் கரண்ட் இல்லையென்றால் ஃபோனும் இல்லை, நெட்டும் இல்லை. ரவுட்டருக்கென்றே விற்கும் சின்ன யுபிஎஸ் ஒன்று வாங்கிவிடுங்கள். பெட்டியில் 12 வோல்ட் என்று போட்டிருக்கிறதா, எத்தனை ஆம்பியர் என்று பார்த்து அதற்கேற்றதை வாங்குங்கள். பழைய லேண்ட்லைன் எண் உறவுக்காரர்களிடமெல்லாம் இருக்கிறது, விட மனமில்லை என்றால் உங்கள் நிறுவனமே ஃபைபருக்கு அந்த எண்ணோடு மாற்றித் தருமா என்று முதலில் கேளுங்கள். பிஎஸ்என்எல் போன்றவை தங்கள் ஃபைபர் போயிருக்கும் இடங்களில் அப்படி மாற்றித் தருகின்றன.

புது இணைப்பு வந்ததும் பழையதை உடனே ரத்து செய்யாதீர்கள். ஒரு மாதம் இரண்டும் இருக்கட்டும். அதற்குள் ஒரு நல்ல மழை வந்து ஃபைபர் தாங்கியதைப் பார்த்துவிட்டு ரத்து செய்யுங்கள். எழுத்தில் மனு கொடுத்து, மோடம் வாடகைக்கு எடுத்ததாக இருந்தால் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்கி, இணைப்பு எடுத்தபோது கட்டிய டெபாசிட்டையும் அதே மனுவில் திருப்பிக் கேளுங்கள்.